சிலந்திப் பட்டும் சில்லறைப் பங்கும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிச்சிகன் மாகாணத்தில் கிரெய்க் பயோகிராஃப்ட் லேபரட்டரீஸ் என்னும் சிறு கம்பெனி ஒன்று உண்டு. 2006-ம் வருஷத்தில் பதிவு செய்யப்பட்ட இக்கம்பெனியின் நோக்கம், பட்டுப்புழுவைக் கொண்டு சிலந்தி நூலை உண்டாக்கி விற்பதாகும். அதன் பங்குகள் பெரிய பங்குச் சந்தைகளில் இடம் பெறாமல், தரகர்கள் தமக்குள் வாங்கி விற்கும் வெளிச் சந்தையில், பல வருஷங்களாக ஒரு டாலருக்கு வெகு கீழான விலையில் கைமாறி வந்திருக்கின்றன. இவற்றை வாங்கியவர்களில் சிறு சேமிப்புக்காரர்கள் பலர். பத்து வருஷத்துக்கு மேலாகியும் பங்கை விடாமல், இன்று பெரிய கொள்முதல் உத்தரவு வரும், நாளை பெரிய சந்தையில் இடம் கிடைக்கும் என்று காத்திருப்போர் அவர்களுள் உண்டு. முசுக்கொட்டை பயிரிட்டுப் பூச்சி வளர்க்கும் குடியானவர்களுக்கு இக்கதை அந்நியமானதன்று. பட்டுக்கூட்டின் கணக்கை அறிந்தவர்களே இத்தகைய நம்பிக்கையின் அளவை நன்கு நிறுக்கக் கூடியவர்கள்.

சிலந்தி நூலின் மேல் இத்தனை ஆசை எதற்கு என்று கேட்கலாம். சிலந்தி தன் உடலைத் தாங்கித் தொங்குவதற்கு விடும் நூல், பருமனுக்குப் பருமன் ஒப்பிட்டால், பட்டுப்புழு நூலைக் காட்டிலும் அறாமல் இழுபட்டு நிற்கும். ஆனால் சிலந்தியைக் கூட்டமாக வளர்க்க முடியாது. ஒன்றை ஒன்று தின்றுவிடும். மடகாஸ்கர் தீவில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட பொன்னிறச் சிலந்திகளைக் காட்டிலிருந்து பிடித்து வந்து, கையால் நூல் இழுத்து நெய்த ஒரு துணி 2009-ல் நியூயார்க் நகரக் காட்சிசாலையில் வைக்கப்பட்டது. ஒரு துணிக்கே அவ்வளவு பாடு. ஆகையால் சிலந்தியின் குணத்தை வேறு ஓர் உயிரிடம் ஏற்றி, அதை நூற்கச் செய்வதே வழி என்று விஞ்ஞானிகள் கருதினர்.

அதற்குப் பட்டுப்புழுவைவிடத் தகுந்த உயிர் கிடையாது. அது ஏற்கெனவே நூற்பது. ஆயிரக்கணக்கான வருஷங்களாக மனிதர் கையில் வளர்ந்தது. அதன் அந்துப்பூச்சிக்குப் பறக்கும் சக்தியும் இல்லை, எனவே மாற்றம் செய்த பூச்சி தப்பியோடி விடும் என்ற அச்சமும் குறைவு. நாத்ர்தாம் சர்வகலாசாலையின் மால்கம் ஃப்ரேஸர் என்பவர், முட்டைக்கோசைத் தின்னும் ஒரு வகைப் புழுவிடம் கண்டறிந்த, இடம்விட்டு இடம் தாவும் மரபணுத் துண்டு ஒன்றை வாகனமாகக் கொண்டார். சிலந்தி நூலின் மரபணுக்களைப் பற்றி நெடுநாள் ஆராய்ந்தவர் வயோமிங் சர்வகலாசாலையின் ராண்டி லூயிஸ். இவர்களும் இவர்களைச் சேர்ந்தவர்களும் பட்டுப்பூச்சியின் முட்டைக்குள் நுண்ணிய ஊசியால் அதைச் செலுத்தி, மரபணு ஏறிய புழுக்களைப் பிரித்தறிய அவற்றின் கண்கள் செந்நிறமாக ஒளிரும்படி ஓர் அடையாளத்தையும் சேர்த்தனர். 2010 செப்டம்பரில் வெற்றி அறிவிக்கப்பட்டது. 2012-ல் அமெரிக்க தேசிய விஞ்ஞான அகாடமியின் சஞ்சிகையில் முழு விவரம் வெளியாயிற்று. அவ்விவரத்தின்படி, நூலில் சிலந்திப் புரதத்தின் பங்கு நூற்றுக்குச் சில பாகமே. எனினும் அந்நூல் சாதாரணப் பட்டைவிட உறுதியாகவும், சிலந்தி நூலுக்கு ஈடாகவும் இருந்தது. இது மெய்யான விஞ்ஞானம். வெறும் வாய்ப்பந்தல் அன்று. ஆராய்ச்சியின் உரிமையைப் பெற்றிருந்தது மேற்சொன்ன கம்பெனி.

2016-ல் அமெரிக்க ராணுவம் காப்புடைச் சோதனைக்காகச் சுமார் 1 லட்சம் டாலர் பெறுமான ஒப்பந்தம் ஒன்றை அளித்தது. பின்னர் அது ஏறத்தாழ 10 லட்சம் டாலராக விரிவாக்கப்பட்டது. 2018-ல் வியத்நாமின் குவாங் நாம் மாகாணத்தில் தொழில் தொடங்க அனுமதி கிடைத்தது. அந்நாடு முசுக்கொட்டையும், புழு வளர்ப்பில் பழகிய கைகளும் உள்ள நாடு என்பது யாவரும் அறிந்ததே. ஒவ்வொரு செய்திக்கும் பங்குதாரர்களின் உற்சாகம் ஒரு முழம் ஏறும். விஞ்ஞானம் மெய்யானால் பணமும் மெய் என்று அவர்கள் முடிவு கட்டினர். இங்குதான் கணக்கு வழி தவறுகிறது.

முதலில் முட்டைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு தாய்ப்பூச்சி சுமார் 400 முட்டை இடும். அவற்றில் பாதி பெண் என்றால், அடுத்த தலைமுறையில் 80,000 முட்டை; அதற்கடுத்த தலைமுறையில் 1 கோடியே 60 லட்சம். காகிதத்தில் இக்கணக்கைப் போடுகிறவன் ஒரு வருஷத்தில் உலகம் முழுவதற்கும் சிலந்திப் பட்டு உடுத்தி விடுவான். புழு வளர்த்தவன் அப்படிச் சொல்லமாட்டான். பெப்ரின் நோய் தாயின் வழியே முட்டைக்குள் செல்வது. பாஸ்டர் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி 1865 முதல் சில வருஷங்கள் உழைத்து, தாய்ப்பூச்சியை நசுக்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்து முட்டையைத் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்த பின்னரே பிரான்ஸ் தேசத்துப் பூச்சி வளர்ப்பு மூச்சு விட்டது. ஊசி வழியே மரபணு ஏற்றப்பெற்ற இனமோ தொடக்கத்தில் மிகச் சிறு கூட்டம். அதை நோயின்றிக் காப்பாற்றுவதும், தாங்கும் சக்தியுள்ள இனத்தோடு கலந்து பலமூட்டுவதும், குணம் கலையாமல் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்குவதும் விதைப்பூச்சிப் பண்ணைகளின் பொறுமையான வேலை. பங்குச் சந்தையின் அவசரம் புழுவுக்குத் தெரியாது.

அடுத்தது இலைக் கணக்கு. நோயற்ற முட்டைத் தொகுதி 100 எடுத்து வளர்த்தால் 1,000 கிலோவுக்குக் குறையாத இலை வேண்டும். நன்றாக வளர்த்தால் 60 முதல் 70 கிலோ கூடு கிடைக்கும். ஏறக்குறைய 7 கிலோ கூட்டிலிருந்து 1 கிலோ கச்சாப் பட்டு இழுக்கலாம். ஆகவே ஒரு கிலோ நூலுக்கு 100 கிலோவுக்கு மேல் இலை என்று ஆகிறது. புழுவின் உடலில் எந்த மரபணு இருந்தாலும் இந்த விகிதம் மாறுவதில்லை. சிலந்தி மரபணு ஏறிய புழுவும் நான்கு முறை தோலுரிக்கும். சிறு குளிருக்கும் ஈரத்துக்கும் முகம் சுளிக்கும். ஐந்தாம் பருவத்தில் இரவு பகல் பாராமல் தின்னும். கூடு இழுப்பதற்குத் தனி யந்திரம் தேவையில்லை, வழக்கமான முறையே போதும் என்பது இதன் பெரிய அனுகூலம். ஆனால் தோட்டம், வளர்ப்பு மனை, கூலியாள், நூற்பாலை இவை எல்லாம் முதல் கிலோவிலிருந்தே வேண்டியவை. கம்பெனி தோன்றிப் பல வருஷங்கள் கழிந்த பின்னரும் நூல் விற்று வந்த வருமானம் செலவோடு ஒப்பிடத் தக்கதாக இல்லை.

வருமானமற்ற கம்பெனி எதைக் கொண்டு செலவைச் சமாளிக்கும்? கடன் வாங்கும், அல்லது புதுப் பங்குகளை வெளியிட்டு விற்கும். பங்காளிகள் பெருகப் பெருகப் பட்டாவில் ஒவ்வொருவரின் பாகமும் குறைவது போல, பழைய பங்குதாரரின் உரிமை சுருங்கும். மேற்படி கம்பெனியின் பங்குகள் 2017-லேயே 80 கோடிக்கு மேற்பட்டு இருந்தன. பத்து சென்டு விலையுள்ள பங்கு மலிவு, அது ஒரு டாலர் ஆனால் பத்து மடங்கு லாபம் என்று சொல்வோர் இந்த எண்ணை மறந்து விடுகிறார்கள். நம் ஊரில் 100 சென்ட் நிலம் ஒரு ஏக்கர். அந்த ஏக்கரை ஆயிரம் துண்டாக்கி ஒரு துண்டு இன்ன விலை என்று விற்றால், துண்டின் விலை சிறிதென்று மகிழ்வதா, ஆயிரத்தால் பெருக்கி ஏக்கரின் விலையைப் பார்ப்பதா? 80 கோடிப் பங்கு, பங்கு ஒன்றுக்கு 10 சென்டு என்றால், கம்பெனி முழுவதற்கும் 8 கோடி டாலர் விலை. ஒரு டாலர் என்றால் 80 கோடி டாலர். நூல் விற்பனை இன்னும் காலூன்றாத தொழிலுக்கு அவ்விலை தகுமா என்பதே கேள்வி.

சிலந்திப் பட்டுக்கு இது முதல் ஓட்டமும் அன்று. கனடாவில் நெக்ஸியா என்னும் கம்பெனி ஆட்டின் பாலில் சிலந்திப் புரதம் சுரக்கும்படி செய்து, 2000-ம் வருஷத்தில் பங்குகளை வெளியிட்டது. பத்திரிகைகள் அந்த ஆட்டுக்குட்டிகளின் படத்தைப் பக்கம் பக்கமாகப் போட்டன. பாலில் புரதம் இருந்தது உண்மையே. அதை நல்ல நூலாக, கட்டுப்படியாகும் விலையில் இழுப்பதே கைகூடவில்லை. சில வருஷங்களில் கம்பெனி அத்தொழிலைக் கைவிட்டது. கலிபோர்னியாவில் போல்ட் த்ரெட்ஸ் கம்பெனி ஈஸ்டு என்னும் நுண்ணுயிரை வைத்து முயன்று, 2017-ல் 50 கழுத்துப் பட்டிகளை, பட்டி ஒன்றுக்கு 314 டாலர் வீதம் விற்றது. 2024-ல் அதன் பங்குகள் சந்தைக்கு வந்தபோது, அதன் வியாபாரம் துணியில் அல்லாமல் முகப்பூச்சுச் சாமான்களுக்கான சரக்கில் நின்றது. பங்கின் விலையும் விரைவில் பெரிதும் சரிந்தது.

இன்னும் பின்னே சென்றால், பட்டைக் கொண்டு அமெரிக்கக் குடியானவர்களே ஏமாந்த கதை ஒன்று இருக்கிறது. சாமுவேல் பெரோதே என்னும் தாவர சாஸ்திரி 1821-ல் மணிலாவிலிருந்து பல தண்டு விடும் ஒரு முசுக்கொட்டை வகையைப் பிரான்சுக்குக் கொண்டு போனார். (இவர் பிற்காலத்தில் புதுச்சேரிக்கு வந்து, அங்குள்ள தாவரத் தோட்டத்தில் பணி செய்து, 1870-ல் அவ்வூரிலேயே காலமானவர், நீலகிரிச் செடிகளையும் திரட்டியவர்.) அகன்ற இலை, குச்சி நட்டால் விரைந்த வளர்ச்சி, செடியைக் குறை சொல்ல இடமில்லை. 1830-களில் அமெரிக்காவின் பல மாகாணச் சர்க்கார்கள் பட்டு வளர்ப்புக்கு இனாம் அறிவித்தன. செடிக்குக் கிராக்கி உண்டாயிற்று. நூறு செடி சில டாலருக்கு விற்ற நிலை போய், 1838, 1839-ல் ஒரே செடி ஒரு டாலருக்கும் அதற்கு மேலும் விற்றது. வாங்கினவர்கள் புழு வளர்க்க வாங்கவில்லை. குச்சி வெட்டிப் பதியன் போட்டு, அடுத்தவனுக்கு விற்க வாங்கினார்கள். அந்த அடுத்தவனும் அதற்கே வாங்கினான். இலையைத் தின்னும் புழுவோ ஊரில் மிகச் சிலரிடமே இருந்தது. நாற்றங்கால் வியாபாரி ஒருவர் 80,000 டாலரைக் கொடுத்து ஓர் ஆளைப் பிரான்சுக்கு அனுப்பி, 10 லட்சம் செடி வாங்கச் சொன்னதாகப் பட்டுத்தொழில் சரித்திரத்தில் எழுதப்பட்டுள்ளது. சரக்கு முழுவதும் வந்து சேருமுன் விலை சாய்ந்தது. மறு வசந்தத்தில் அச்செடிகளை நூறு ஒரு டாலர் வீதம், பட்டாணிக் கொடிக்கு ஊன்றுகோலாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கூவியும் கொள்வாரில்லை. வடக்கு மாகாணங்களின் குளிரைத் தாங்காத செடி அது. எஞ்சியிருந்தவற்றில் பெரும்பாலானவற்றை 1844-ல் பரவிய நோய் அழித்தது.

அதே காலத்தில் கனெக்டிகட் மாகாணத்தின் செனி சகோதரர்களும் முசுக்கொட்டையில் பணம் போட்டவர்களே. ஆனால் அவர்கள் 1838-ல் ஒரு பட்டாலையையும் நிறுவியிருந்தனர். செடி கைவிட்டதும் வெளிநாட்டிலிருந்து கச்சாப் பட்டை வரவழைத்து ஆலையை நடத்தினர். பிற்பாடு அந்நாட்டின் மிகப் பெரிய பட்டாலைகளுள் ஒன்றாக அது வளர்ந்தது. வாங்குவோன் கையில் சேரும் சரக்கு அவர்களிடம் இருந்தது. மற்றவர்களிடம் குச்சிகள் மட்டுமே இருந்தன.

கிரெய்க் கம்பெனியின் முயற்சி மோசடி என்று கூறுவதற்கு இடமில்லை. அது நாளை வெற்றி பெறவும் கூடும். அதன் நிலையை அறிய ஆரூடம் தேவையில்லை. நிலம் வாங்குவோர் சிட்டாவையும் அடங்கலையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பது போல, பங்கு வாங்குவோர் பார்ப்பதற்கும் தஸ்தாவேஜுகள் உண்டு. அமெரிக்கப் பங்குப் பத்திர ஆணையத்திடம் இத்தகைய கம்பெனிகள் வருஷந்தோறும் அறிக்கை கொடுக்க வேண்டும். அதை எவரும் காசின்றிப் படிக்கலாம். அதில் தலைவரின் உரையையும் எதிர்காலத் திட்டங்களையும் பிறகு பார்த்துக் கொள்ளலாம். விற்பனை வரவு என்ற வரியை முதலில் பார்க்கவும். அடுத்து, சென்ற வருஷம் எத்தனை பங்கு, இவ்வருஷம் எத்தனை பங்கு என்று ஒத்திட்டுப் பார்க்கவும். பின்னர்த் தணிக்கையாளர் எழுதிய குறிப்பைத் தேடவும். தொழில் தொடர்ந்து நடைபெறுமா என்பதில் கணிசமான சந்தேகம் உண்டு என்னும் வாசகம் இக்கம்பெனியின் அறிக்கைகளில் ஒரு வருஷமன்று, பல வருஷங்களில் இடம் பெற்றிருக்கிறது. அவ்வாசகம் ஒளித்து வைக்கப்படவும் இல்லை. பங்கு வாங்கிய எவரும் வாங்குமுன் படித்திருக்கக் கூடியதே.