எட்டு சிப்பாய்களும் ஒரு அரிசி மூட்டையும்

"ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வாங்க. சாப்பிட்டுட்டு ஒரு யுத்தம் போடலாம்" என்று நண்பர் கூப்பிட்டபோது, ரம்மியைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். போனால், டைனிங் டேபிள் முழுக்கக் காடு! சாப்பாடு தரையில்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பிய்த்துப் பச்சை பெயிண்டில் முக்கினால் மரம். தேங்காய் நார் புதர். அட்டையில் வெட்டி ஒட்டிய வீடுகள் ஒரே வரிசையாக. நடுவே, சுண்டுவிரலில் பாதி உயரத்துக்குக் குட்டிக் குட்டி உலோக பொம்மைகள். ஒவ்வொன்றும் 28 மில்லிமீட்டர். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு கண்ணுக்கு வெள்ளை, பெல்ட்டுக்குக் காக்கி என்று பெயிண்ட் அடித்திருக்கிறார். ஆசாமி பகலில் பாங்க் கேஷியர். ("ஹால் சுவருக்கு வெள்ளையடிங்கன்னா மட்டும் இவருக்கு முதுகு வலிக்கும்!" - திருமதி நண்பர், சமையலறையிலிருந்து.)

பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் பெரியவர்கள் விளையாடுவது ஒன்றும் புதிதில்லை. 1824-ல் பிரஷ்ய ராணுவத்தில் ரைஸ்விட்ஸ் என்ற லெஃப்டினென்ட், மேப், பகடை, நடுவர் சகிதம் அதிகாரிகளுக்குப் போர் சொல்லிக்கொடுக்க ஓர் ஆட்டத்தை அறிமுகப்படுத்தினார். 'டைம் மெஷின்' எழுதிய ஹெச்.ஜி.வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று விதிப் புத்தகமே போட்டார். அசல் யுத்தத்துக்கு இந்தப் பொம்மை யுத்தம் எவ்வளவோ மேல் என்பது அவர் கட்சி. பாவம், அடுத்த வருஷமே அசல் யுத்தம் வந்துவிட்டது.

இந்தப் பித்து பிடித்தவர்களில் பலர் நெப்போலியன், ஹிட்லர் என்று பெரிய இடமாகப் பார்த்துப் போவார்கள். நம் நண்பருக்குச் சின்னச் சண்டைதான். ஸ்கர்மிஷ் என்று பெயர். ஒரு பொம்மைக்கு ஒரு ஆள். என் பக்கம் எட்டு பிரிட்டிஷ் சிப்பாய்கள், வழி காட்ட சரவாக்கிலிருந்து வந்த ஓர் இபான் பழங்குடி ஆள். அவர் பக்கம் ஆறு கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள். இடம்: மலாயா, ரப்பர் தோட்டம். வருஷம்: 1951.

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். 1948 ஜூன் 16-ம் தேதி, பேராக்கில் சுங்கை சிப்புட் அருகே மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிரிட்டிஷ் அரசு அவசரநிலை அறிவித்தது. 1960 ஜூலை 31 வரை பன்னிரண்டு வருஷம் நீடித்த அவசரம்! 'யுத்தம்' என்று ஏன் சொல்லவில்லை? யுத்தம் என்றால் தோட்டத்துக்கும் ஈயச் சுரங்கத்துக்கும் லண்டன் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் நஷ்டஈடு தராதாம். அதனால்தான் என்று பரவலாகச் சொல்வார்கள். ஒரு பி.காம். பட்டதாரியாக எனக்கு இந்தக் காரணம் பிடித்திருக்கிறது.

ஆரம்பத்தில் ராணுவம் பட்டாளம் பட்டாளமாகக் காட்டுக்குள் போய்த் தேடியது. பூட்ஸ் சத்தம் கேட்டதுமே கெரில்லாக்கள் எஸ்கேப். பிறகுதான் சின்னச் சின்ன ரோந்தாகப் பிரித்து அனுப்பினார்கள். பத்துப் பேர் நாள் கணக்கில் நடப்பார்கள். சண்டை என்று வந்தால் பல சமயம் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். அதனால்தான் டைனிங் டேபிளுக்கு அடங்குகிறது இந்த யுத்தம்.

நண்பர் பத்து அட்டைகளைக் கவிழ்த்து வைத்தார். மூன்றுக்கு அடியில்தான் நிஜ ஆள். மற்றதெல்லாம் டூப். எந்த அட்டையும் ஆறு இஞ்ச் நெருங்கினால்தான் திறக்கும். காட்டில் அதற்குமேல் கண் தெரியாது. பூதம் கிளம்புமோ, பூனை கிளம்புமோ என்று ஒவ்வொன்றாக நெருங்குவதற்குள் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

"அது சரி, இந்த அஞ்சு பேர் யாரு? கையில துப்பாக்கியே இல்லையே?"

"பால்மரம் வெட்டுறவங்க. சும்மா நிப்பாங்க. பகடை போட்டா கொஞ்சம் நகருவாங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றாரே தவிர, ஸ்கோர் கணக்கை அப்புறம்தான் காட்டினார். கெரில்லா ஒருவரை வீழ்த்தினால் எனக்குப் பிளஸ் ஒன்று. தொழிலாளி மேல் குண்டு பட்டால் மைனஸ் ஐந்து. வீட்டு வரிசையில் இருக்கும் அரிசி மூட்டை காட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் மைனஸ் நான்கு.

மூன்றாவது அட்டை திறந்தது. டுமீல்! என் ஆள் ஒருவர் காலி. நான் விடுவேனா? பிரென் கன்னைத் திருப்பி, பகடையை உருட்டித் தள்ளினேன். இரண்டு கெரில்லாக்கள் சாய்ந்தார்கள். அடுத்த உருட்டலில், பின்னால் பக்கெட்டோடு நின்ற தொழிலாளியும் சாய்ந்தார். இந்த அமளியில் மேஜையின் அந்தக் கோடியில் அரிசி மூட்டை நைசாகக் காட்டுக்குள் போய்விட்டது.

பிளஸ் இரண்டு, மைனஸ் ஒன்பது. துப்பாக்கிச் சண்டையில் ஜெயித்தவன் நான். ஆட்டத்தில் தோற்றவனும் நானே.

தோற்ற கடுப்பில் கேட்டேன். "செத்தவங்களை வெச்சு விளையாடறோமே, உறுத்தலையா?"

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சிலதை மேஜைக்குக் கொண்டுவர மாட்டேன் சார்" என்றார். 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் ஆயுதமில்லாத தோட்டத் தொழிலாளர்கள் 24 பேரை ஸ்காட்ஸ் கார்ட்ஸ் ரோந்துப் படை சுட்டுக் கொன்றது. விசாரணை கேட்டு உறவினர்கள் போட்ட வழக்கு லண்டன் சுப்ரீம் கோர்ட் வரை போய், 2015-ல் தள்ளுபடியானது. "அதுக்கு எந்தப் பகடையை உருட்டறது?"

அப்போதுதான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த நண்பரின் தாய்மாமா எழுந்து வந்தார். எண்பதைத் தாண்டியவர். பேராக்கில் பிறந்து, சின்னப் பையனாக இருந்தபோது அந்த வருஷங்களைப் பார்த்துவிட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பி வந்த குடும்பம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இது லயத்து வீடுல்ல? கம்பிவேலி எங்கடா?"

நண்பர் அசடு வழிந்தார். வேலி போட மறந்திருந்தார். 1950-ல் வந்த பிரிக்ஸ் திட்டத்தில் சுமார் 5 லட்சம் பேரை வேலி போட்ட புதுக் கிராமங்களுக்கு மாற்றினார்கள், பெரும்பாலும் சீனர்கள். தோட்டத் தமிழர்களின் லயங்களையும் ஒன்றாகச் சேர்த்து வேலிக்குள் கொண்டுவந்தார்கள். காட்டுக்கு ஒரு பிடி அரிசி போகக்கூடாது என்பதுதான் நோக்கம். கடையில் டின் உணவு வாங்கினால் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள், பதுக்க முடியாதபடி. சைக்கிள் குழாய்க்குள் அரிசி போட்டுக் கடத்தியவர்களும் உண்டு.

"காலையில கேட்டுல சோதனை. பால் வாளியைக் கவுத்துப் பார்ப்பான். வேலைக்குச் சோறு கொண்டு போவக்கூடாது. வெறும் வயித்தோட மரம் வெட்டணும்" என்றார் பெரியவர். "எங்க கணபதியைத் தூக்குல போட்டப்போ தோட்டத்துல எவனும் வாயைத் திறந்து அழக்கூட இல்ல தம்பி."

எஸ்.ஏ.கணபதி. பட்டுக்கோட்டைப் பக்கம் தம்பிக்கோட்டைக்காரர். மலாயாவில் தொழிற்சங்கத் தலைவர். கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4-ம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள்.

பெரியவர் பக்கெட் பொம்மையை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இவன் முறை எப்ப வரும்?"

"அவங்களுக்கு முறை கிடையாது மாமா. பகடை விழுந்தா நகருவாங்க."

"அது எப்படிடா? ராத்திரி ஒருத்தன் வந்து கதவைத் தட்டி அரிசி கேப்பான். விடிஞ்சா இன்னொருத்தன் வந்து யாருக்குக் குடுத்தேம்பான். ரெண்டு பேருக்கும் பதில் சொல்லணும். எங்கப்பாவுக்குத் தூக்கமே கிடையாது. நீ என்னடான்னா சும்மா நிப்பான்னு எழுதி வெச்சிருக்கே!"

நண்பர் விதி நோட்டை எடுத்தார். அடித்தார். எழுதினார். இரண்டாவது ஆட்டத்தில் ஐந்து தொழிலாளிகளும் பெரியவர் கையில்.

நான் ரோந்தோடு போய் வீட்டு வாசலில் நின்று கேட்டேன்: "யார் வந்தாங்க?"

"பார்க்கலைங்க தொரை" என்றார், என்னைப் பார்க்காமலே. குரலே மாறியிருந்தது.

நண்பர் முறை. கெரில்லாவை நகர்த்திக் கேட்டார்: "சிப்பாய் எந்தப் பக்கம் போனான் மாமா?"

"பார்க்கலைங்க."

ஏழு முறை கேட்டோம். ஏழு முறையும் அதே பதில். அவர் ஆள் ஒருவர்கூட விழவில்லை. நானும் நண்பரும் காட்டுக்குள் ஒருவரையொருவர் தேடியதோடு சரி. காபி வந்தது. பெரியவர் குடித்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கியபோது எல்லாம் இருந்தது, அரிசி மூட்டையைத் தவிர. மேஜைக்கு அடியில், சோபா இடுக்கில், ஸ்பாஞ்சு மரங்களுக்குள் எல்லாம் தேடிவிட்டு, நண்பர் உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"மாமா, அரிசி மூட்டையைப் பார்த்தீங்களா?"

கட்டிலில் சாய்ந்திருந்த பெரியவரின் சட்டைப் பை லேசாகப் புடைத்திருந்தது.

"பார்க்கலைங்க" என்றார்.