ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம்

தை முகூர்த்தத்துக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. ஆத்தூர், தலைவாசல், ராசிபுரம் பக்கமிருந்து வரும் கடிதங்களில் பாதி, பத்திரிகை அடிப்பதற்குள் முன்மண்டையில் முடி வந்துவிடுமா என்று கேட்கின்றன. வராது. முடிக்காகத் தரும் மருந்து ஃபினஸ்டரைடோ மினாக்சிடிலோ, பலன் கண்ணில் பட நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும். வேலை செய்ததா இல்லையா என்று சொல்ல ஒரு வருடம் வேண்டும். போதாததற்கு, மினாக்சிடில் தொடங்கிய முதல் சில வாரங்களில் இருக்கிற முடியும் கூடுதலாகக் கொட்டும். அடுத்த சுற்று முடி முளைப்பதற்கான ஏற்பாடுதான் அது என்றாலும், கல்யாண ஆல்பத்துக்கு அந்த விவரமெல்லாம் தெரியாது. ஆகவே முகூர்த்தத்தை விட்டுவிட்டு மீதிப் பாதிக் கடிதங்களைப் பார்ப்போம். அவற்றில் திரும்பத் திரும்ப வருவது ஒரே குழப்பம்: ஃபினஸ்டரைடு மாத்திரை ஆண்மையைக் கெடுக்கும் என்கிறார்கள், தலையில் தடவும் லோஷன் ரத்தத்தில் கலக்காது என்கிறார்கள், அப்படியானால் லோஷன்தானே நல்லது?

மெடிக்கலில் விற்கும் கூட்டு லோஷன் ஒன்றைக் கையில் எடுத்து, பக்கவாட்டில் எறும்பு ஊர்ந்ததுபோல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் மினாக்சிடில் 5 சதவீதம், ஃபினஸ்டரைடு 0.1 சதவீதம் என்றிருக்கும். 0.1 என்றதும் ஏதோ வாசனைக்குச் சேர்த்தது போலத் தோன்றும். கணக்கைப் போடுங்கள்: 100 மில்லியில் 0.1 கிராம், அதாவது 100 மில்லிகிராம்; அப்படியானால் ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம். முடிக்காகக் கொடுக்கும் ஃபினஸ்டரைடு மாத்திரையின் அளவும் அதே ஒரு மில்லிகிராம்தான். காலையில் ஒரு மில்லி, ராத்திரி ஒரு மில்லி என்று தடவுகிறவர், எந்த மாத்திரைக்குப் பயந்தாரோ அதில் இரண்டைத் தினமும் கரைத்துத் தலையில் ஊற்றிக்கொள்கிறார்.

தோல் எல்லாவற்றையும் உள்ளே விடாதே, மிகச் சிறு பங்குதானே இறங்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பல மருந்துகளில் அந்தப் பதிலே போதும். இந்த மருந்தில் போதாது. அதன் சாமர்த்தியமே இங்கேதான் இருக்கிறது. முடி வேரைச் சுருக்கும் டிஹெச்டி என்ற ஹார்மோனைத் தயாரிக்கும் நொதியை ஃபினஸ்டரைடு பிடித்துக்கொள்கிறது. பூட்டுக்குள் சாவி உடைந்து சிக்கிக்கொண்டது போன்ற பிடி. ரத்தத்திலிருந்து மருந்து சில மணி நேரத்தில் வடிந்துவிடும். சிக்கிய நொதி வாரக்கணக்கில் விடுபடாது. அடுத்த நாள் வரும் துளி மருந்து, மீதமிருக்கும் பூட்டுகளை அடைக்கும். 1999இல் வெளியான ஓர் ஆய்வில் ஆண்களுக்கு ஆறு வாரம் வெவ்வேறு அளவில் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 5 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு ரத்த டிஹெச்டி 72 சதவீதம் குறைந்தது. ஒரு மில்லிகிராமுக்கு 71. ஐந்தில் ஒரு பங்கான 0.2க்கு 69. இருபதில் ஒரு பங்கான 0.05க்குக்கூட ஏறக்குறைய 50. மாத்திரையை இருபதாக உடைத்து ஒரு துணுக்கு போட்டாலும் பாதி வேலை நடந்துவிடுகிறது. தலையில் ஊற்றும் 2 மில்லிகிராமில் நாற்பதில் ஒரு பங்கு ரத்தத்தில் இறங்கினால் அந்தத் துணுக்குக்குச் சமம்.

இது வெறும் கணக்கு அல்ல. 2021இல் வெளியான ஃபினஸ்டரைடு ஸ்பிரே ஆய்வில், தடவியவர்களின் ரத்தத்தில் இருந்த மருந்து, மாத்திரை போட்டவர்களுக்கு இருந்ததைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு. விளம்பரக்காரர்களுக்குப் பிடித்த எண் அதுதான். அதே ஆய்வில் டிஹெச்டி குறைந்த அளவோ, மாத்திரைக்கு சுமார் 56 சதவீதம், ஸ்பிரேக்கு சுமார் 35. நூறு மடங்கு எங்கே, இது எங்கே! குறைவு என்று சொன்னால் உண்மை. இல்லை என்று சொன்னால் பொய். அந்த ஸ்பிரேயின் உச்ச அளவே ஒரு நாளைக்கு 0.2 மில்லிதான். அதன் முடிவைக் காட்டி, நாளைக்கு இரண்டு மில்லி ஊற்றச் சொல்லும் லோஷனை விற்பது எந்த ஊர் நியாயம்? 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அங்கே கலந்து விற்கப்படும் தடவும் ஃபினஸ்டரைடு பற்றி 32 புகார்கள் வந்ததாகச் சொல்லி எச்சரித்தது.

அதற்காக ஃபினஸ்டரைடைப் பேயாக்கவும் வேண்டாம். மருந்தைத் தயாரித்த நிறுவனத்தின் ஆய்வுகளில் பாலியல் தொல்லை சொன்னவர்கள் 3.8 சதவீதம், வெறும் மாவு மாத்திரை போட்டவர்களிலும் 2.1 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். 2007இல் வந்த இத்தாலிய ஆய்வு ஒன்றில், ஃபினஸ்டரைடு எடுத்த புரோஸ்டேட் நோயாளிகளில் பக்க விளைவு பற்றி முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டவர்களில் 43.6 சதவீதம் பேருக்கும், எச்சரிக்கப்படாதவர்களில் 15.3 சதவீதம் பேருக்கும் பாலியல் தொல்லை வந்தது. பயமும் பக்க விளைவு தரும். ஆனால் இதை வைத்து எல்லாம் மனப்பிரமை என்று தள்ளிவிடும் மருத்துவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்: மருந்தை நிறுத்திய பிறகும் தொல்லை நீடித்த புகார்கள் 2012இல் அமெரிக்க லேபிளில் ஏறின, தற்கொலை எண்ணம் இதன் பக்க விளைவே என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதிசெய்தது. எண்ணிக்கை குறைவுதான். ஆனால் முடி வேண்டும்வரை, அதாவது பல்லாண்டு, போட வேண்டிய மருந்து இது. பெரும்பாலான ஆய்வுகள் ஒன்றிரண்டு வருடத்தோடு முடிந்துவிட்டவை. ஆகவே ஒரு நேரத்தில் ஒரே மருந்து என்று தொடங்குவதே புத்தி. கூட்டு லோஷனில் நெஞ்சு படபடத்தால் மினாக்சிடில் மீதும், ஆசை குறைந்தால் ஃபினஸ்டரைடு மீதும் சந்தேகப்படலாமே தவிர, ஒன்றை மட்டும் நிறுத்திப் பார்க்க வழியில்லை. தொல்லை வந்தால் பாதி மாத்திரைக்கு இறங்குவதும் பெரிய பயன் தராது. காரணம் மேலே சொன்ன கணக்கே. நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு இருந்தவர்கள் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. ஆறு மாதக் கோர்ஸ் போதுமா? கோர்ஸ் என்று ஒன்றே இல்லை. நிறுத்தினால் ஒரு வருடத்துக்குள் பழைய நெற்றி. மனைவி கர்ப்பமாக இருந்தால்? உடைந்த மாத்திரையும் லோஷனும் அவர் கையில் படக் கூடாது. புரோஸ்டேட் பரிசோதனை? அதில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவை ஃபினஸ்டரைடு பாதியாக்கிக் காட்டும், மறைக்காமல் சொல்லுங்கள். ரத்த தானம்? கடைசி மாத்திரைக்குப் பின் ஒரு மாதம் பொறுங்கள். பயோட்டின்? குறைபாடு இல்லாதவருக்கு வீண். தைராய்டு பரிசோதனை முடிவையும் குழப்பும். மொட்டை போட்டால் அடர்த்தியாகுமா? வேண்டுதலுக்குப் போடுங்கள். வழுக்கையைக் குணமாக்கும் எண்ணெய்? வழுக்கையைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கோரக் கூடாது என்று மருந்து விதிகளின் ஜே அட்டவணை சொல்கிறது. விளம்பரத்தை நிறுத்தியவர்தான் யாருமில்லை.

முடி நடவு? 2016 மே மாதம் சென்னையில் முடி நட்டுக்கொண்ட 22 வயது மருத்துவ மாணவர் அடுத்த ஓரிரு நாளில் இறந்தார். அந்த மையத்திடம் இருந்தது சலூன் உரிமம் என்று அப்போது செய்திகள் வந்தன. யூடியூப் பார்ப்பதும் பயிலரங்கில் உட்காருவதும் இதற்குப் பயிற்சி ஆகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் எழுதி வைக்க 2022 செப்டம்பர் ஆனது. எழுதி வைக்க வேண்டிய நிலை இருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆத்தூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான். அங்கே தோல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, இப்போது தடவிக்கொண்டிருக்கும் பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.