இளைப்பு இல்லாத நாளிலும் மருந்து

ஒரு சிறுமியின் கேள்வி

1955-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் சூசி மேசன் என்ற 13 வயதுச் சிறுமிக்கு ஆஸ்துமா. அந்நாளில் மருந்தைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, ரப்பர் உருண்டையைப் பிசைந்து பிசைந்துதான் உள்ளிழுக்க வேண்டும். தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே மாதிரி என் மருந்தையும் ஏன் டப்பாவில் அடைத்துத் தரக் கூடாது என்று அவள் அப்பாவிடம் கேட்டாள். அப்பா ஜார்ஜ் மேசன், ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர். மகளின் கேள்வியை அப்படியே ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார். அடுத்த ஆண்டே, ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒரே அளவு மருந்தை வெளிவிடும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது.

அது ஒரு குழந்தை கேட்டு வாங்கிய மருந்து முறை. எழுபது ஆண்டுகள் கடந்த பிறகும் நம் ஊர்களில், "பம்பா? குழந்தைக்கா? வேண்டாம் டாக்டர், சிரப் எழுதிக் கொடுங்க" என்று பெற்றோர் பதறுகிறார்கள். பழகிவிடும், வளர்த்தி நின்றுவிடும், நாளைக்குக் கல்யாணப் பேச்சில் தடங்கல் வரும் என்று அந்தப் பயத்துக்குப் பல காரணங்கள். அவற்றில் மருத்துவம் சார்ந்த ஒவ்வொன்றையும் ஆராய்ச்சியாளர்கள் குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து சோதித்துப் பார்த்துவிட்டார்கள். கண்டறிந்த விடைகள்தான் வீடு வந்து சேரவில்லை.

நெஞ்சுக்குள் நடப்பது

நுரையீரலுக்குள் காற்றைக் கொண்டுபோகும் சிறு குழாய்களின் உட்சுவர், ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு எப்போதுமே லேசாகச் சிவந்து வீங்கியிருக்கும். இதுவே அழற்சி. இந்த நிலையில் தூசு, புகை, குளிர்காற்று, சாதாரண ஜலதோஷம் என்று ஏதாவது ஒன்று வந்து சீண்டினால் போதும். குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும், சளி சுரக்கும், வழி குறுகும். உள்ளே போன காற்று வெளியேறத் திணறும்போது விசில் போலச் சத்தம் வருகிறது. இளைப்பு, வீசிங் என்று நாம் சொல்வது இதைத்தான். சில குழந்தைகளுக்கு விசிலே கேட்காது. நடுராத்திரியிலோ விடியற்காலையிலோ வறட்டு இருமல், ஓடினால் இருமல், விழுந்து விழுந்து சிரித்தால் இருமல். அவ்வளவுதான் தெரியும்.

இளைப்பு நின்றதும் நோய் போய்விட்டது என்று நினைக்கிறோம். தசை தளர்ந்திருக்கிறது, அழற்சி உள்ளேயேதான் இருக்கிறது. அதனால்தான் மருந்தும் இரண்டு வகை. சால்புடமால் போன்றவை தசையைத் தளர்த்தி உடனே மூச்சை விடுவிக்கும். பெரும்பாலும் நீல நிறப் பம்பில் வரும். புடசோனைடு போன்ற உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுகள் அழற்சியை ஆற்றும். அவை உடனே எதையும் செய்துகாட்டாது, ஆனால் அடுத்த இளைப்பு வராமல் காப்பவை அவைதான். நம் வீடுகளில் முதல் வகை கையிருப்பில் இருக்கும். இரண்டாவது, வாங்கிய பத்தாம் நாள் அலமாரிக்குப் போய்விடும்.

பெயர் வைக்கப்படாத நோய்

உலக ஆஸ்துமா சுமையில் இந்தியாவின் பங்கு ஏறத்தாழ 13 சதவீதம். ஆஸ்துமா மரணங்களிலோ 42 சதவீதத்துக்கும் மேல் நம் நாட்டில் நிகழ்வதாக உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. நோய் நம்மிடம் மட்டும் இவ்வளவு கொடியதாக இருக்கக் காரணமில்லை. சிகிச்சைதான் சேரவில்லை.

உலகளாவிய ஆஸ்துமா வலையமைப்பு கோட்டயம், மைசூர் உட்பட இந்தியாவின் ஒன்பது மையங்களில் ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள், 13, 14 வயது மாணவர்கள், பெற்றோர் என்று 1,27,000-க்கும் மேற்பட்டவர்களிடம் தகவல் திரட்டியது. 2022-இல் வெளியான முடிவு இது: இளைப்பு உள்ளவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா என்று யாரும் கண்டறிந்து சொல்லவே இல்லை. கடுமையான அறிகுறிகள் உள்ளவர்களில்கூட 70 சதவீதம் பேருக்கு இதே நிலை. இளைப்பு உள்ளவர்களில் தினசரி ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்கள் 2.5 சதவீதத்துக்கும் குறைவு.

கண்டறியப்படாத நோய்க்கு வேறு பெயர்கள் கிடைத்துவிடுகின்றன. நெஞ்சுச் சளி, அலர்ஜி இருமல், ஈஸ்னோபிலியா. அடிக்கடி இருமும் குழந்தைக்குப் 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்' என்று சொல்லி, உரிய பரிசோதனை இல்லாமலே மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. ஆஸ்துமா என்ற சொல்லைக் கேட்டால் பெற்றோர் உடைந்துபோவார்கள் என்று மருத்துவர்களும் சில நேரம் மென்று விழுங்குகிறார்கள். அந்தத் தயவு குழந்தைக்கு உதவுவதில்லை.

வளர்ந்தால் சரியாகிவிடுமா?

பாட்டிகள் சொல்லும் இந்த ஆறுதலில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் டூசான் நகரில் 1980-இல் தொடங்கி, 1,246 பச்சிளங்குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. மூன்று வயதுக்குள் இளைப்பு வந்த குழந்தைகளில் சுமார் 60 சதவீதம் பேருக்கு ஆறு வயதில் அது இல்லை. குழந்தைகளின் மூச்சுக்குழாய் பிறவியிலேயே சிறியது. வைரஸ் சளி பிடித்தால் எளிதில் அடைத்துக்கொள்ளும், வளர வளர விரியும். ஆகவே இரண்டு வயதுக் குழந்தை ஒருமுறை இளைத்ததும் ஆஸ்துமா என்று முடிவுகட்ட வேண்டியதில்லை.

மீதிப் பாதியை மறக்கக் கூடாது. சளி இல்லாத நாளிலும் இளைப்பு, கரப்பான் என்று நாம் சொல்லும் தோல் அரிப்பு நோய், அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஆஸ்துமா ஆகியவை சேர்ந்திருந்தால் அது தானாகப் போகும் என்று காத்திருப்பது ஆபத்து. சிறுவயதில் ஆண் குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் இந்த நோய், பருவமடைந்த பின் பெண்களிடம் அதிகமாகிறது. போய்விட்டது என்று நினைத்தது திரும்பி வருவதும் உண்டு.

பழகிவிடுமா? வளர்த்தி நின்றுவிடுமா?

முதலில் அளவைப் பார்ப்போம். சால்புடமால் மாத்திரை ஒன்றில் 2 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. பம்பின் ஓர் அழுத்தலில் 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரை, இருபது அழுத்தலுக்குச் சமம். பயந்து பம்பை மறுத்து மாத்திரையோ சிரப்போ கேட்கும் பெற்றோர், அதே மருந்தைப் பல மடங்கு அதிகமாகக் குழந்தையின் வயிற்றுக்கும் ரத்தத்துக்கும் இதயத்துக்கும் அனுப்புகிறார்கள். கை நடுக்கமும் படபடப்பும் அதனால்தான் வருகின்றன. பம்பு மருந்து போதைப்பொருள் போலப் பழக்கமாவதில்லை. நிறுத்தினால் இளைப்பு திரும்புவது, அழற்சி இன்னும் ஆறவில்லை என்பதால்.

வளர்த்தி பற்றிய கவலையை உதறித் தள்ள மாட்டேன், அதில் உண்மை உண்டு. அமெரிக்கா, கனடா இரு நாடுகளிலும் 5 முதல் 12 வயது வரையுள்ள 1,041 குழந்தைகளை நான்கு முதல் ஆறு ஆண்டுகள் கவனித்த 'கேம்ப்' ஆய்வின் முடிவுகள் 2000-இல் வந்தன. தினமும் இரண்டு வேளை புடசோனைடு இழுத்த குழந்தைகள், இழுக்காதவர்களைவிட ஒரு சென்டிமீட்டர் அளவு குறைவாக வளர்ந்திருந்தார்கள். அவர்கள் பெரியவர்களான பிறகு 2012-இல் மறுபடி அளந்தபோது வித்தியாசம் 1.2 சென்டிமீட்டர். ஆண்டுக்கு ஆண்டு அது கூடிக்கொண்டே போகவில்லை. இன்னொரு பக்கம், மருந்து எடுத்தவர்கள் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை குறைந்தது. மருந்தை நிறுத்திய பின் அதன் பலன் நிலைக்கவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. அதாவது இது கட்டுப்படுத்தும் மருந்து, நோயை வேரோடு பிடுங்கும் மருந்தல்ல.

1.2 சென்டிமீட்டர் ஒரு தட்டில், இரவெல்லாம் உட்கார்ந்தபடி மூச்சுக்கு ஏங்கும் குழந்தை மறு தட்டில். எனக்கு இதில் தயக்கமே இல்லை. கட்டுக்குள் வந்ததும் அளவைக் குறைத்துக்கொண்டே போவது மருத்துவரின் வேலை. மருந்து இழுத்த பின் வாய் கொப்பளித்துத் துப்பப் பழக்குவது நம் வேலை. இல்லாவிட்டால் வாயில் வெண்படலம் படியும்.

நீலப் பம்பு மட்டும் போதாது

பிரிட்டனில் ஆஸ்துமாவால் இறந்த 195 பேரின் மருத்துவப் பதிவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2014-இல் அறிக்கை வெளியிட்டார்கள். இறந்தவர்களில் 28 பேர் இருபது வயதுக்கு உட்பட்டவர்கள். மொத்தத்தில் 45 சதவீதம் பேர் உதவி தேடாமலோ, உதவி வந்து சேரும் முன்னோ இறந்திருந்தார்கள். நீலப் பம்பு பயன்படுத்தியவர்களில் 39 சதவீதம் பேருக்குக் கடைசி ஓராண்டில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட பம்புகள் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன. பம்பு சீக்கிரம் சீக்கிரம் தீர்வதே எச்சரிக்கை. உள்ளே அழற்சி ஏறிக்கொண்டிருக்கிறது, மேலே தசையை மட்டும் தளர்த்திக்கொண்டிருக்கிறோம்.

இதனால்தான் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழுவான ஜினா, 2019-இல் தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. 12 வயதும் அதற்கு மேலும் உள்ள யாருக்கும் சால்புடமால் மட்டும் கொடுப்பது இனி வேண்டாம், ஸ்டீராய்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்றது. இன்னும் சிறியவர்களுக்கு? நியூசிலாந்தில் 5 முதல் 15 வயது வரையுள்ள, லேசான ஆஸ்துமா கொண்ட 360 பேரிடம் நடந்த 'கேர்' ஆய்வு 2025-இல் வெளியானது. இளைப்பு வரும்போது வெறும் சால்புடமாலுக்குப் பதில் புடசோனைடும், தசையைத் தளர்த்தும் ஃபார்மோட்டராலும் சேர்ந்த பம்பை எடுத்தவர்களுக்கு ஆஸ்துமா தாக்குதல் 45 சதவீதம் குறைந்தது. உங்கள் குழந்தைக்கு இது பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அரை லிட்டர் பாட்டில்

பம்பை நேராக வாயில் வைத்து அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே கணத்தில் செய்யச் சிறு குழந்தைக்குத் தெரியாது. ஸ்பேசர் என்ற குடுவையை நடுவில் வைத்தால், மருந்து அதில் மிதந்து நிற்கும். குழந்தை இயல்பாக ஐந்தாறு முறை மூச்சு விட்டாலே உள்ளே போய்விடும்.

தென்னாப்பிரிக்காவில் இந்தக் குடுவையை வாங்கப் பல குடும்பங்களுக்கு வசதி இல்லை. கேப் டவுனைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஹெதர் ஸாரும் அவர் குழுவினரும், 500 மில்லி குளிர்பான பாட்டிலின் அடியில் பம்பின் வாய் பொருந்தும்படி துளையிட்டுப் பசையால் அடைத்தார்கள். இளைப்போடு வந்த 5 முதல் 13 வயதுக் குழந்தைகளிடம் அதைக் கடை ஸ்பேசரோடு ஒப்பிட்டார்கள். 1999-இல் வெளியான முடிவின்படி, அடைத்த பாட்டில் கடைச் சரக்குக்குச் சமமாக வேலை செய்தது. தெர்மோகோல் டம்ளர் அந்த அளவுக்கு உதவவில்லை. நான் படித்த மருத்துவ ஆய்வுகளில் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். ஏழைக் குழந்தையின் மூச்சை முன்னால் வைத்து யோசித்த ஆராய்ச்சி.

நம் படுக்கையறைப் புகை

கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று சீன, மலேசியச் சுருள்களைச் சோதித்த ஆய்வு 2003-இல் சொன்னது. சன்னலைச் சாத்தி, சுருளைக் கொளுத்தி, இளைக்கும் குழந்தையை அதே அறையில் படுக்க வைக்கிறோம். கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணியும் ஊதுவத்தியும் குழந்தை இல்லாத நேரத்தில் இருக்கட்டும். வீட்டுக்குள் பீடி, சிகரெட் எந்த நேரத்திலும் கூடாது.

அடுத்தது கரப்பான்பூச்சி. அமெரிக்க நகரங்களின் ஏழ்மைப் பகுதிகளில் 476 குழந்தைகளை ஆராய்ந்த 1997-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, கரப்பான்பூச்சி ஒவ்வாமை இருந்து, படுக்கையறையிலும் அதன் எச்சம் மிகுந்திருந்த குழந்தைகள் மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். இரவில் எச்சில் பாத்திரத்தைக் கழுவி வைப்பதும் ஆஸ்துமா மருத்துவம்தான். ஆனால் தயிர், வாழைப்பழம், ஆரஞ்சு என்று ஒரு நீண்ட பட்டியல் போட்டுக் குழந்தையின் தட்டைக் காலியாக்காதீர்கள். குறிப்பிட்ட உணவு ஒவ்வாமை உறுதியானால் மட்டும் அதை விலக்கினால் போதும்.

பதின்வயதின் பிடிவாதம்

பன்னிரண்டு, பதிமூன்று வயதில் அதுவரை ஒழுங்காக மருந்து எடுத்த பிள்ளையும் நிறுத்திவிடுகிறது. நண்பர்கள் முன் பம்பை எடுக்க வெட்கம். அம்மா சொன்னால் கோபம். ஆஸ்திரேலியாவின் டாம்வொர்த் பகுதியில் இதற்கு அழகான வழி கண்டார்கள். ஆறு பள்ளிகளில் நடந்த அந்த ஆய்வில், பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், அவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தார்கள். பத்தாம் வகுப்பினர் ஏழாம் வகுப்புக்கு நாடகம், பாட்டு என்று நடத்திக் காட்டினார்கள். 2001-இல் வெளியான முடிவுப்படி, ஆஸ்துமா உள்ள மாணவர்களின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. பெரியவர்களின் அறிவுரையைவிட ஓர் அண்ணன், ஓர் அக்காவின் பேச்சு அந்த வயதில் காதில் ஏறுகிறது. நம் பள்ளிகளில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது, சாரணர் இயக்கம் இருக்கிறது. செலவில்லாமல் செய்யக்கூடியது இது.

எப்போது ஓட வேண்டும்

மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்வாங்கினால், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாரித்தால், குழந்தை சோர்ந்து மயங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. பலமாக இளைத்த குழந்தையின் நெஞ்சில் திடீரென்று சத்தம் அடங்கி, மூச்சுத் திணறல் மட்டும் நீடித்தால் அது குணமல்ல, காற்றே போகவில்லை என்று பொருள். 108-ஐ அழையுங்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, ஸ்பேசர் வழியாக நீலப் பம்பு நான்கு அழுத்தல் கொடுங்கள். ஒவ்வொன்றாக அழுத்தி, ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு. நான்கு நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னும் நான்கு, ஆம்புலன்ஸ் வரும்வரை.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பம்பை அலுவலக அறையில் பூட்டி வைக்காதீர்கள், அது பிள்ளையின் பையில் இருக்கட்டும். பெற்றோருக்கு இன்னொன்று: அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது பம்பையும் ஸ்பேசரையும் கையோடு கொண்டுபோங்கள். அவர் கண்ணெதிரே குழந்தையை ஒருமுறை மருந்து இழுக்கச் சொல்லிச் சரிதானா என்று கேளுங்கள்.