பேட்டரிக்கு டியூ கட்டுவது யார்?

நாமக்கல் பக்கத்து மோகனூர் மாதிரி ஒரு பேரூராட்சியில் போய் மின்வாகனம் என்றால், ஆட்கள் கைகாட்டுவது குப்பை வண்டியைத்தான். பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி சுமந்து, பாட்டுப் போட்டபடி தெருத்தெருவாக வரும் 'பேட்டரி வண்டி'. தூய்மை இந்தியா திட்டத்திலும் நிதிக்குழு மானியத்திலும் தமிழகப் பேரூராட்சிகள் இவற்றை வாங்கின. வந்த புதிதில் ஒரே சார்ஜில் ஊரைச் சுற்றிவிடும். ஈய-அமில பேட்டரி என்றால் இரண்டு வருடத்துக்குள் தளர்ந்துவிடும். மேட்டில் இழுக்காது, பாதி வழியில் நிற்கும். பிறகு பல ஊர்களில் அலுவலகத்துக்குப் பின்புறம் டயர் இறங்கிக் கிடக்கும். வண்டி வாங்க மானியம் இருக்கிறது. பேட்டரி மாற்றும் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கோப்பு மட்டும் மேசை மேசையாகப் போகும்.

வண்டி பெரிதானாலும் சிக்கல் இதேதான். மின்சார பஸ்ஸின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். டீசல் பஸ் லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடுகிறது, டீசல் 93 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்குப் 18 ரூபாய்க்கு மேல் ஆகிறது. மின்சார பஸ்ஸுக்கு கிலோமீட்டருக்குச் சுமார் 1.2 யூனிட் வேண்டும். யூனிட் 8 ரூபாய் என்றால் பத்து ரூபாய்க்குள் முடிகிறது. நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடினால் வருடத்தில் ஆறு லட்சம் ரூபாய்க்கு மேல் மிச்சம். ஆனால் வண்டியின் விலை டீசல் பஸ்ஸைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். மிச்சமாகும் பணம் சில்லறை சில்லறையாகப் பன்னிரண்டு வருடம் வரும், கொடுக்க வேண்டிய பணமோ முதல் நாளே மொத்தமாகப் போகும். இடைவெளியை யாராவது தாங்க வேண்டும்.

நாமக்கல்காரர்களுக்கு இதைப் பாடம் எடுக்கத் தேவையில்லை. சேஸிஸ் எடுத்து வந்து, இங்கேயே பாடி கட்டி, ஃபைனான்ஸில் டியூ கட்டி லாரித் தொழிலை வளர்த்த மாவட்டம் இது. ஃபைனான்ஸ்காரர் துணிந்து கடன் கொடுப்பதற்குக் காரணம், டியூ நின்றால் வண்டியைத் தூக்கி வந்து விற்றுவிடலாம் என்பது. ஐந்து வருடம் ஓடிய லாரி எவ்வளவுக்குப் போகும் என்று அவர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். ஐந்து வருடம் ஓடிய மின்சார பஸ்? அதன் விலையில் பெரும்பங்கு பேட்டரியில் இருக்கிறது. பேட்டரியோ வெப்பத்திலும் சார்ஜ் ஏற்றும் முறையிலும் தேய்கிற பொருள். பஸ்களில் இப்போது அதிகம் வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை வெப்பத்தை ஓரளவு நன்றாகவே தாங்கும். அதற்காக சித்திரை வெயிலில் திறந்தவெளியில் நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் அதிவேக சார்ஜ் ஏற்றினால் அதுவும் சீக்கிரம் சோர்ந்துபோகும். கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கினால் 200 கிலோமீட்டர் வண்டி 160 கிலோமீட்டர் வண்டியாகிவிடும், கடைசி டிரிப் போகாது. இந்தத் தேய்மானத்துக்கு இன்னும் பழைய வண்டிச் சந்தையில் விலை படியவில்லை. அதனால்தான் கடன் கொடுப்பவர் தயங்குகிறார்.

சென்னை இதற்கு ஒரு வழி பிடித்தது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சார பஸ்கள் கிளம்பின. உலக வங்கி உதவியுடன் வரும் 625 பஸ்களில் முதல் தொகுப்பு அது. அசோக் லேலண்ட் குழுமத்தைச் சேர்ந்த ஓம் குளோபல் மொபிலிட்டி நிறுவனம் பஸ் வாங்கி, டிரைவர் போட்டு, பராமரித்து ஓட்டுகிறது. கண்டக்டர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் ஆள். டிக்கெட் வசூலும் கழகத்துக்கே. ஏ.சி. இல்லாத பஸ்ஸுக்கு கிலோமீட்டருக்கு 77.16 ரூபாய், ஏ.சி. பஸ்ஸுக்கு 80.86 ரூபாய், நாளுக்கு 200 கிலோமீட்டருக்கு உத்தரவாதம் என்று 12 வருட ஒப்பந்தம். பேட்டரி தளர்ந்தால் அது நிறுவனத்தின் தலைவலி. பஸ் ஓடாவிட்டால் காசு இல்லை என்பதால், பேட்டரியை வெயிலில் போட்டு வதைக்காமல் பார்த்துக்கொள்ள அவர்களுக்கே அக்கறை வரும். தொழிற்சங்கங்கள் இதைத் தனியார்மயம் என்கின்றன. டிரைவர் வேலை கழகத்தின் கையை விட்டுப் போவது உண்மைதான், அந்தப் புகாரைத் தள்ளிவிட முடியாது. ஆனால் குப்பை வண்டியின் கதியைப் பார்த்தவன் என்ற முறையில், பேட்டரிக்குப் பொறுப்பாளி யார் என்று பெயர் எழுதிய ஒப்பந்தம் நல்லதென்றே எனக்குப் படுகிறது.

கழகம் பணத்தை இழுத்தடித்தால்? அதற்கும் ஒரு ஜாமீன் ஏற்பாடு உண்டு. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 3,435 கோடி ரூபாயில் ஒரு நிதிக்கு ஒப்புதல் தந்தது. கழகம் தவணை தவறினால் நிறுவனத்துக்கு அந்த நிதியிலிருந்து பணம் போகும், பிறகு மாநிலத்திடம் வசூலிக்கப்படும். கையெழுத்துப் போட ஆள் இருந்தால் வட்டி இறங்கும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பணம் கிடைத்தாலும் கரன்ட் வர வேண்டுமே. ஒரு பஸ் நாளுக்கு 240 யூனிட் குடிக்கும். 120 பஸ்களை இரவில் ஆறு மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டுமானால் கிட்டத்தட்ட 5 மெகாவாட் ஒரே இடத்தில் வேண்டும். ஆகவே பணிமனைக்கென்று உயர் அழுத்த இணைப்பு, டிரான்ஸ்பார்மர், பூமிக்கடியில் கேபிள் என்று செலவு பஸ் வருவதற்கு முன்பே தொடங்கிவிடும். வரிசை மாறினால் பஸ் வந்து நிற்கும், சார்ஜர் வராது.

இனி நம் ஊருக்கு. 2023 ஆகஸ்டில் அறிவித்த பி.எம். இ-பஸ் சேவா திட்டம் 10,000 பஸ்களுக்கு, கிலோமீட்டருக்கு 9 மீட்டர் பஸ்ஸுக்கு 22 ரூபாய், 12 மீட்டர் பஸ்ஸுக்கு 24 ரூபாய் என்று உதவி தருகிறது. முக்கியமாக 3 லட்சம் முதல் 40 லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கு. அந்த அளவுகோலில் சேலம் வரும். 2024இல்தான் மாநகராட்சியான நாமக்கல் வராது. பேரூராட்சியான மோகனூரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 40 லட்சத்துக்கு மேல் உள்ளவற்றுக்கு இன்னொரு திட்டம், தமிழகத்தில் அதில் சென்னை மட்டும்.

ஆள் கணக்கு பார்த்தவர்கள் ரோட்டையும் பார்த்திருக்கலாம். நாமக்கல்லிலிருந்து மோகனூர் சுமார் 18 கிலோமீட்டர். போக வர 36. ஒரு டவுன் பஸ் ஆறு நடை அடித்தால் 216 கிலோமீட்டர். மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் அரை மணி சார்ஜ் போட்டால் தாராளமாகத் தாங்கும், அந்த நேரத்தில்தான் சூரிய மின்சாரமும் மலிவு. மலைப்பாதை கிடையாது, தினமும் அதே தூரம், ராத்திரி அதே பணிமனை. பேட்டரியின் ஆயுளை முன்கூட்டியே கணிக்க இதைவிட வசதியான தடம் சென்னை நெரிசலில் கிடைக்காது.

நாமக்கல் பணிமனையில் பத்து பஸ் விட்டால் இரவு எட்டு மணி நேரத்துக்கு 300 கிலோவாட் போதும். நாளுக்கு 200 கிலோமீட்டர் என்று வருடத்துக்கு 7.3 லட்சம் கிலோமீட்டர். 22 ரூபாய் கணக்கில் இங்கேயும் உதவி தந்தால், மத்திய அரசுக்கு வருடச் செலவு ஒரு கோடியே அறுபது லட்சம் ரூபாய்.