ஒளித்தகடும் ஓடிவரும் காட்சியும்

நுழையும்முன்

விலை கொடுத்து வாங்கிய நூலை நாம் படிக்கலாம். நண்பருக்கு இரவல் கொடுக்கலாம். பழைய நூல் கடையில் விற்கலாம். எழுதியவரோ பதிப்பித்தவரோ பின்னாளில் நம் வீட்டிற்கு வந்து அதனைத் திரும்ப எடுத்துச் செல்ல இயலாது. திரைப்படமும் காணொலி விளையாட்டும் ஒளித்தகட்டில் விற்கப்பட்ட காலத்தில் அவற்றிற்கும் இதுவே வழக்கு. இன்று அவை இணையத்தின் வழியே நம் திரைக்கு ஓடி வருகின்றன. இம்மாற்றத்தில் விளையாட்டுக் கருவி நிறுவனங்களின் போட்டிக்கு உள்ள பங்கு யாது? இதனால் மக்கள் பெற்றதும் இழந்ததும் யாவை? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒளி படிக்கும் எழுத்து

ஒளித்தகட்டினுள் கண்ணுக்குப் புலப்படாத நுண்குழிகள் சுருள் வடிவில் அமைந்துள்ளன. ஒரு குறுந்தகட்டிலுள்ள அச்சுருளை நேராக நீட்டினால் அது ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளும். தகடு சுழலும்போது அதன்மீது விழும் லேசர் கதிர் எதிரொளிக்கிறது. குழியின் விளிம்பைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எதிரொளியின் அளவு மாறுகிறது. அம்மாற்றங்களைக் கருவி எண்களாகப் படித்து இசையாகவும் காட்சியாகவும் விளையாட்டாகவும் நமக்குத் தருகிறது.

எழுதுகோலின் முனை கூர்மையாக இருந்தால் ஒரே தாளில் மிகுதியாக எழுதலாம். லேசரின் அலைநீளமும் அத்தகையதே. அது குறையக் குறைய, கதிரை மேலும் சிறிய புள்ளியாகக் குவிக்கலாம்; அதே தகட்டில் மேலும் மிகுதியான தரவுகளைப் பதிக்கலாம். 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசரைக் கொண்டு படிக்கப்பட்டது. அது ஏறத்தாழ 650 மெகாபைட் தரவைத் தாங்கியது. 1996இல் வந்த டி.வி.டி. 650 நானோமீட்டர் சிவப்பு லேசரால் ஓர் அடுக்கில் 4.7 ஜிகாபைட் தரவைக் கொண்டது. 405 நானோமீட்டர் நீல ஊதா லேசரைப் பயன்படுத்தும் ப்ளூ-ரே தகட்டின் ஓர் அடுக்கிலோ 25 ஜிகாபைட் அடங்கியது. மூன்றும் 12 சென்டிமீட்டர் விட்டமே உடையவை என்பது வியப்பிற்குரியது.

முறிந்த உறவும் பிறந்த கருவியும்

காணொலி விளையாட்டு உலகில் 1980களின் இறுதியில் தலைமை இடத்தில் இருந்தது ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம். அதன் விளையாட்டுகள் கேட்ரிட்ஜ் எனப்படும் நினைவகப் பேழைகளில் விற்கப்பட்டன. அக்கருவியுடன் இணைக்கத்தக்க குறுந்தகட்டுப் பகுதியை உருவாக்க அந்நிறுவனம் சோனியுடன் ஒப்பந்தம் செய்திருந்தது. 1991ஆம் ஆண்டு சூன் திங்களில் சிகாகோ நகரில் நடைபெற்ற மின்னணுப் பொருட்காட்சியில் சோனி இம்முயற்சியை அறிவித்தது. மறுநாளே நின்டென்டோ, தான் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்துடன் இணையப்போவதாக அதே பொருட்காட்சியில் அறிவித்தது.

பலரறிய நேர்ந்த இப்பின்னடைவு சோனியைத் தனிவழி காணத் தூண்டியது. கென் குட்டராகி என்னும் பொறியாளரின் முனைப்பால் உருவான பிளேஸ்டேஷன், 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் வெளியானது. அது குறுந்தகட்டை நம்பியது. 1996இல் வெளிவந்த நின்டென்டோ 64 நினைவகப் பேழையையே தொடர்ந்து பயன்படுத்தியது. பேழை விரைவாகத் தரவைத் தரும், எளிதில் பழுதாகாது. ஆயினும் அதன் உற்பத்திச் செலவு மிகுதி. கொள்ளளவோ 64 மெகாபைட்டிற்கு மேற்படவில்லை. அதற்குமுன் நின்டென்டோ கருவிகளில் வெளிவந்த ‘ஃபைனல் ஃபேன்டசி’ வரிசையின் ஏழாம் விளையாட்டு, 1997இல் மூன்று குறுந்தகடுகளில் பிளேஸ்டேஷனுக்கு வந்தது. பிளேஸ்டேஷன் 10 கோடிக்கும் மேல் விற்றது. நின்டென்டோ 64 ஏறத்தாழ 3.3 கோடி விற்றது.

2000ஆம் ஆண்டு வெளியான பிளேஸ்டேஷன் 2, விளையாட்டுடன் டி.வி.டி. திரைப்படங்களையும் இயக்கியது. திரைப்படம் காண்பதற்குத் தனிக்கருவி வாங்கவேண்டிய தேவை பல வீடுகளில் இல்லாமற்போயிற்று. விளையாட்டுக் கருவி, குடும்பத்தின் திரையரங்காகவும் மாறத் தொடங்கியது.

தெரிந்து தெளிவோம்

நீல ஒளி உமிழும் திறன்மிக்க டையோடைக் கண்டறிந்தமைக்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவ்வகை ஆய்வின் தொடர்ச்சியாகவே நீல ஊதா லேசரும் அதனால் படிக்கப்படும் தகடுகளும் உருவாயின.

நீல ஒளியின் இரு வடிவங்கள்

உயர்தெளிவுத் தொலைக்காட்சிகள் பரவத் தொடங்கியபோது, அத்தரத்தில் ஒரு முழுத் திரைப்படத்தைத் தாங்க டி.வி.டி.யின் கொள்ளளவு போதவில்லை. அடுத்த தகட்டை உருவாக்கும் பணியில் நிறுவனங்கள் இரு அணிகளாகப் பிரிந்தன. சோனி, பானசோனிக், பிலிப்ஸ் முதலியன ப்ளூ-ரே தகட்டை முன்வைத்தன. தோஷிபா தலைமையிலான அணி எச்.டி. டி.வி.டி. தகட்டை முன்வைத்தது, மைக்ரோசாப்ட் அதனை ஆதரித்தது. இரண்டும் ஒரே அலைநீள லேசரைப் பயன்படுத்தின. எனினும் ஒன்றன் கருவியில் மற்றொன்றின் தகடு இயங்காது.

இரு வடிவங்களிலும் நிறையும் குறையும் இருந்தன. எச்.டி. டி.வி.டி. தகட்டில் தரவு அடுக்கு, டி.வி.டி.யில் உள்ளது போலவே 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தது. எனவே, பழைய தொழிற்சாலைகளைச் சிறிது மாற்றியமைத்தே அதனை உற்பத்தி செய்ய முடிந்தது. ஆனால், ஓர் அடுக்கில் 15 ஜிகாபைட் மட்டுமே அடங்கியது. ப்ளூ-ரே தகட்டில் தரவு அடுக்கு, மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே அமைந்தது. அதனால் கொள்ளளவு பெருகியது. சிறு கீறலும் தரவைக் கெடுக்கும் இடர் உண்டானதால் கடினமான மேற்பூச்சும் தேவைப்பட்டது.

வழக்கைத் தீர்த்த விளையாட்டுக் கருவி

இரண்டு தகடுகளும் 2006இல் கடைகளுக்கு வந்தன. அமெரிக்காவில் முதலில் விற்கப்பட்ட தனி ப்ளூ-ரே கருவியின் விலை ஏறத்தாழ 1,000 டாலர். அவ்வாண்டு நவம்பரில் வெளியான பிளேஸ்டேஷன் 3இன் விலை 499 டாலர், 599 டாலர் என இரு நிலைகளில் அமைந்தது. விளையாட்டுக் கருவி என்ற முறையில் அது விலை மிகுந்ததே. ப்ளூ-ரே கருவி என்று கருதினாலோ மலிவானது. விளையாட்டிற்காக அதனை வாங்கிய ஒவ்வொருவர் வீட்டிலும் ப்ளூ-ரே இயக்கி தானாகவே நுழைந்தது.

மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 அதற்கு ஓராண்டு முன்னரே, 2005 நவம்பரில், டி.வி.டி. இயக்கியுடன் வெளிவந்துவிட்டது. எச்.டி. டி.வி.டி. காண விரும்பியவர்கள் ஏறத்தாழ 200 டாலர் கொடுத்துத் தனி இணைப்புக் கருவியை வாங்கவேண்டியிருந்தது. தானாக வருவதற்கும் தனியாக வாங்குவதற்கும் உள்ள வேறுபாடு விற்பனையில் தெரிந்தது.

திரைப்பட நிறுவனங்களும் அணி பிரிந்து நின்றன. இரு வடிவங்களிலும் படங்களை வெளியிட்டு வந்த வார்னர் பிரதர்ஸ், 2008 சனவரி 4 அன்று ப்ளூ-ரேயை மட்டுமே ஆதரிக்கப்போவதாக அறிவித்தது. பெரிய வணிக நிறுவனங்களும் அதனைப் பின்பற்றின. அதே ஆண்டு பிப்ரவரி 19 அன்று தோஷிபா, எச்.டி. டி.வி.டி. உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. ஈராண்டுப் போட்டி முடிவுற்றது.

வென்றவர் எதிர்பாராத போட்டி

ப்ளூ-ரே வென்ற வேளையில், தகடே தேவைப்படாத வேறொரு முறை வளர்ந்துகொண்டிருந்தது. 1997இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட நெட்பிளிக்ஸ், டி.வி.டி. தகடுகளை அஞ்சல் உறையில் வைத்து வாடகைக்கு அனுப்பும் நிறுவனமாகவே அறிமுகமாயிற்று. 2007இல் அது ஸ்ட்ரீமிங் எனப்படும் இணையவழி ஒளிபரப்பைத் தொடங்கியது.

இம்முறையில் திரைப்படம் சில நொடிகள் ஓடும் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் பல்வேறு தரங்களில் சேமிக்கப்படுகிறது. நம் கருவி, இணையத்தின் வேகத்தை அளந்து, அதற்கு ஏற்ற தரமுள்ள அடுத்த துண்டைக் கேட்டுப் பெறுகிறது. இணையம் தளரும்போது காட்சி சற்று மங்குவதும் பின்னர்த் தெளிவதும் இதனாலேயே. பார்த்து முடித்த துண்டுகள் நம்மிடம் நிலையாகத் தங்குவதில்லை.

விளையாட்டுக் கருவிகளே இப்புதிய முறைக்கும் வீட்டின் கதவைத் திறந்துவிட்டன. பல வீடுகளில் தொலைக்காட்சியோடும் இணையத்தோடும் அவை அன்று ஒருசேர இணைந்திருந்தன. தோஷிபா விலகிய ஒன்பது திங்களில், 2008 நவம்பரில், எக்ஸ்பாக்ஸ் 360 கருவியில் நெட்பிளிக்ஸ் இடம்பெற்றது. மறு ஆண்டு பிளேஸ்டேஷன் 3இலும் வந்தது. ஆனால், அதனை இயக்க முதலில் ஒரு ப்ளூ-ரே தகட்டைக் கருவிக்குள் இடவேண்டியிருந்தது. தகட்டை விலக்க வந்த முறை, தகட்டின் துணையோடு நுழைந்தது! 2010 அக்டோபரில் அத்தேவையும் நீங்கியது. 2023 செப்டம்பர் 29 அன்று நெட்பிளிக்ஸ் தன் இறுதித் தகட்டை அஞ்சலில் அனுப்பி அப்பணியை நிறைவுசெய்தது.

இரவல் கொடுக்கும் உரிமை

விளையாட்டுலகில் இவ்வினா 2013இல் வெளிப்படையாக எழுந்தது. மைக்ரோசாப்ட் தன் புதிய எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியை அறிமுகம் செய்தபோது, அது 24 மணி நேரத்திற்கு ஒருமுறை இணையத்துடன் இணையவேண்டும் என்று அறிவித்தது. தகட்டில் வாங்கிய விளையாட்டைப் பிறருக்குக் கொடுப்பதற்கும் விற்பதற்கும் கட்டுப்பாடுகளை விதித்தது. தகடு கையில் இருந்தாலும் அதன்மீதுள்ள உரிமை நிறுவனத்தின் சேவையகத்தில் இருக்கும் என்பதே இதன் பொருள்.

பயனாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். சோனி, தன் பிளேஸ்டேஷன் 4இல் அத்தகைய கட்டுப்பாடு இல்லை என்று அறிவித்து, சில நொடிகளே ஓடும் காணொலி ஒன்றையும் வெளியிட்டது. விளையாட்டை இரவல் கொடுப்பது எப்படி என்பதற்கான அவ்விளக்கத்தில், ஒருவர் மற்றொருவர் கையில் தகட்டைக் கொடுக்கிறார், அவ்வளவே. 2013 சூன் 19 அன்று மைக்ரோசாப்ட் தன் முடிவைத் திரும்பப் பெற்றது.

இரவலும் மறுவிற்பனையும் நெடுங்காலமாகச் சட்டம் காத்துவரும் உரிமைகளாகும். அமெரிக்காவில் பதிப்பகம் ஒன்று, தன் நூலை ஒரு டாலருக்குக் குறைவாக விற்கக்கூடாது என்று நூலிலேயே அச்சிட்டது. கடை ஒன்று அதனை 89 சென்ட்டிற்கு விற்றது. 1908இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், ஒருமுறை விற்ற படியின் அடுத்த விற்பனையைப் பதிப்பகம் இவ்வாறு கட்டுப்படுத்த இயலாது எனத் தீர்ப்பளித்தது. பழைய நூல் கடைகளும் தகடுகளின் வாடகைக் கடைகளும் அங்கு இயங்கியதற்கு இக்கோட்பாடு அடித்தளமாயிற்று. இணையத்தில் வருவது பொருளாக இல்லாமல் உரிமமாக இருப்பதால், இக்கோட்பாட்டின் பாதுகாப்பு அதற்கு எளிதில் கிடைப்பதில்லை.

உடைமையா? உரிமமா?

2023 டிசம்பரில் பிளேஸ்டேஷன் பயனாளர்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. அவர்கள் விலை கொடுத்து வாங்கிய டிஸ்கவரி நிறுவனத்தின் நிகழ்ச்சிகள், உரிம ஒப்பந்த மாற்றத்தால் ஆண்டிறுதியில் அவர்களுடைய தொகுப்பிலிருந்து நீக்கப்படும் என்றது அது. பின்னர் இரு நிறுவனங்களும் உடன்பட்டமையால் நீக்கம் கைவிடப்பட்டது. நிகழ்ச்சிகள் தப்பின, எனினும், ‘வாங்குக’ என்ற பொத்தானின் பொருள் என்ன என்ற ஐயம் நிலைத்துவிட்டது. கூகுளின் ஸ்டேடியா என்னும் விளையாட்டுச் சேவை 2019இல் தொடங்கி 2023 சனவரியில் மூடப்பட்டது. பயனாளர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது; விளையாட்டுகள் கிடைக்கவில்லை.

இவற்றின் விளைவாகச் சட்டமும் விழித்துக்கொண்டது. கலிபோர்னியாவில் 2025 சனவரி முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி, திரும்பப் பெறத்தக்க உரிமத்தை மட்டும் தரும் நிறுவனம், அதனைத் தெளிவாகத் தெரிவிக்காமல் ‘வாங்குக’ என்னும் சொல்லைப் பயன்படுத்தக்கூடாது.

தகட்டைப் போற்றும்போது அதன் குறைகளையும் மறத்தல் ஆகாது. தகடு கீறலுறும், காலத்தால் சிதையும், இயக்கும் கருவி பழுதானால் பயனற்றுப்போகும். ஸ்ட்ரீமிங் முறையோ கடையில்லா ஊரில் இருப்பவருக்கும் உலகத் திரைப்படங்களைக் கொண்டுசேர்க்கிறது. குறைந்த சந்தாவில் மிகுதியானவற்றைக் காட்டுகிறது. மேலும், இன்று தகட்டை வாங்கினாலும் விளையாட்டின் ஒரு பகுதியை இணையத்திலிருந்து பதிவிறக்கவேண்டிய நிலை பலவற்றில் உள்ளது. 2025இல் வெளிவந்த நின்டென்டோ ஸ்விட்ச் 2 கருவிக்குரிய சில அட்டைகளில் விளையாட்டே இல்லை. அதனைப் பதிவிறக்குவதற்கான திறவுகோல் மட்டுமே உள்ளது.

தெரியுமா?

2010ஆம் ஆண்டிற்கு முன் அமெரிக்காவில் வெளியான காணொலி விளையாட்டுகளில் 87 விழுக்காடு, இன்று அங்குப் புதிதாக விற்பனைக்குக் கிடைப்பதில்லை என்று 2023இல் வெளிவந்த ஆய்வு ஒன்று தெரிவிக்கிறது.

காத்தல் யார் கடன்?

ஒரு படைப்பின் பல படிகள் பலர் வீடுகளில் இருக்கும்போது, ஒன்று அழிந்தாலும் மற்றொன்று எஞ்சும். ஒரே நிறுவனத்தின் சேவையகத்தில் மட்டும் இருக்கும் படைப்பின் ஆயுள், அந்நிறுவனத்தின் இலாப நட்டக் கணக்கோடு பிணைந்துவிடுகிறது. தனியொருவர் இழப்பு காலப்போக்கில் சமுதாயத்தின் இழப்பாக மாறும் இடம் இதுவே. ஆதலால், நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் எண்ணிமப் படைப்புகளைப் பாதுகாக்கச் சட்டம் இடம் தரவேண்டும் என்ற கோரிக்கை வலுத்து வருகிறது.

பேழையும் தகடும் போட்டியிட்டபோதும், தகடுகள் தமக்குள் போட்டியிட்டபோதும், எது வென்றாலும் வாங்கியவர் கையில் ஒரு பொருள் இருந்தது. தகட்டிற்கும் ஸ்ட்ரீமிங்கிற்கும் இடையிலான போட்டியில் அப்பொருளே மறைகிறது. பயன்படுத்தும் எளிமைக்கு ஈடாக எதைக் கொடுக்கிறோம் என்பதை அறிந்து தேர்ந்தெடுப்பவரே விழிப்புள்ள நுகர்வோர் ஆவார். ஒருமுறை பார்த்து மகிழ்வதற்கு உரிமம் போதும். வாழ்நாள் முழுவதும் உடன்வர வேண்டும் என நாம் விரும்பும் படைப்பிற்கு, நம் கையில் ஒரு படி இருத்தல் நன்று.

கற்பவை கற்றபின்…

1. ‘விலை கொடுத்து வாங்கிய எண்ணிமப் படைப்பு வாங்கியவரின் உடைமையே’ என்னும் பொருளில் வகுப்பில் ஒட்டியும் வெட்டியும் சொற்போர் நிகழ்த்துக.

2. உங்கள் வீட்டிலுள்ள ஒலிநாடா, குறுந்தகடு, நிழற்படம் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதனை வருந்தலைமுறைக்குக் காப்பதற்கான வழிமுறைகளை எழுதுக.

3. நீங்கள் பயன்படுத்தும் இணையச் சேவை ஒன்றின் விதிமுறைகளைப் படித்து, அது உங்களுக்கு வழங்கும் உரிமைகளையும் வழங்காத உரிமைகளையும் பட்டியலிடுக.