நடைப்பயணமும் கிராம முன்னேற்றமும்

சென்னையிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே மேற்கு நோக்கிச் செல்வோர் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்னும் ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து பூந்தமல்லியை அடைவர். இன்று இவ்வூர்களில் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் இரவு பகலாக ஓடுகின்றன. கடைகளும் குடியிருப்புகளும் நெருங்கி நிற்கின்றன. ஆயினும் இவ்வூர்ப்பெயர்கள் பழைய செய்தி ஒன்றை இன்னும் தாங்கி நிற்கின்றன. சாவடி என்பது வழிப்போக்கர் சுமையை இறக்கிவைத்து இளைப்பாறிய இடமாகும். சில மைல் தொலைவுக்குள் இத்தனை சாவடிப் பெயர்கள் காணப்படுவதிலிருந்து, கால்நடையாகவும் மாட்டு வண்டிகளிலும் எவ்வளவு பேர் இவ்வழியே சென்றிருப்பர் என்பதை நாம் ஊகிக்கலாம்.

அக்காலத்தில் நெடுவழிப் பயணம் என்பது பல நாள் நடை. அந்நடை இயலுவதற்குச் சில வசதிகள் வேண்டியிருந்தன. சாலையின் இருமருங்கும் நிழல் தரும் மரங்கள், குடிநீர்க் கிணறு, தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல், இரவு தங்கச் சாவடி, உணவளிக்கச் சத்திரம் ஆகியவையே அவை. மதுரைச் சீமையில் இராணி மங்கம்மாளும் (1689–1706), தஞ்சையில் மராட்டிய மன்னர்களும் அமைத்த சாலைகளும் சத்திரங்களும் இன்றும் மக்களால் நினைவுகூரப்படுகின்றன. இரயிலும் மோட்டாரும் வந்தபின் சாவடிகளுக்கு வேலையில்லாமற் போயிற்று. பெயர்கள் மட்டும் எஞ்சின.

இப்பொழுது நடைப்பயணம் வேறொரு வடிவில் திரும்பி வருகிறது. ஓய்வுநாட்களைக் கிராமப்புறங்களில் நடந்து கழிக்க விரும்பும் நகரவாசிகள் பெருகி வருகின்றனர். இவ்விருப்பம் கிராமங்களுக்கு நன்மையாக முடியுமா, தொல்லையாக முடியுமா என்பது நாம் செய்யும் ஏற்பாட்டைப் பொறுத்தது. ஆதலின் இதனைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது ஊராட்சி மன்றத்தினர்க்கும் மகளிர் குழுவினர்க்கும் பயன்படும்.

வழிகாட்டியுடன் கூடிய நடைப்பயணம்

பத்து முதல் இருபது பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து, வழியறிந்த ஒருவர் முன்செல்ல, நாளொன்றுக்குப் பதினைந்து கிலோமீட்டர் அளவில் நடந்து, மாலையில் ஓர் ஊரில் தங்கி, மறுநாள் மேற்செல்வதே இப்பயணத்தின் பொதுவான முறை. மூட்டை முடிச்சுகள் வண்டியில் அடுத்த தங்குமிடத்திற்கு அனுப்பப்படும். நடப்பவர் தண்ணீரும் சிறிதளவு தின்பண்டமும் மட்டும் சுமந்து செல்வர். குழுவின் கடைசியில் ஒருவர் வருவார். களைத்தவரையும் பின்தங்கியவரையும் விட்டுவிடாமல் அழைத்து வருவது அவர் கடமை. மணிக்கு நான்கு கிலோமீட்டர் என்று கொண்டால், விடியலில் புறப்பட்டவர் இடையிடையே இளைப்பாறியும் வெயில் ஏறுமுன் அன்றைய வழியை முடித்துவிடலாம்.

மேலைநாடுகளில் இது ஒரு பெரிய தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1965-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பென்னைன் நடைவழி ஏறத்தாழ 430 கிலோமீட்டர் நீளமுடையது. ஸ்பெயின் நாட்டில் சாந்தியாகோ திருத்தலத்திற்குச் செல்லும் பழைய யாத்திரை வழிகளில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். அவ்வழிகளில் உள்ள சிற்றூர்களில் தங்கும் விடுதி, உணவுச்சாலை, சுமை ஏற்றும் வண்டி ஆகியவற்றால் பல குடும்பங்கள் பிழைக்கின்றன.

நம் நாட்டு அனுபவம்

இதனை அயல்நாட்டுப் புதுமை என்று எண்ணவேண்டுவதில்லை. கூட்டமாகப் பல நாள் நடப்பதில் தமிழ்மக்களுக்கு நீண்ட பழக்கம் உண்டு. தைப்பூசத்தையொட்டி நாட்டுக்கோட்டை நகரத்தார் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குக் காவடியுடன் நடந்து செல்வது பல நூற்றாண்டு வழக்கம். எந்நாள் எவ்வூரில் தங்குவது, எங்கே உண்பது என்பவை அதில் முன்னரே வரையறுக்கப்பட்டிருக்கின்றன. சென்னையின் மேற்குப்பகுதியிலேயே மற்றோர் எடுத்துக்காட்டும் உண்டு. புரட்டாசியில் பூக்கடைப் பகுதியிலிருந்து புறப்படும் திருப்பதித் திருக்குடை ஊர்வலம் வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் வழியாகத் திருவள்ளூர் செல்கிறது. வழிநெடுக மக்கள் கூடி நின்று நீரும் மோரும் உணவும் வழங்குகின்றனர்.

நாட்டு விடுதலைக்காகவும் நம்மவர் இவ்வாறு நடந்தனர். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டு, 28-ஆம் நாள் வேதாரணியத்தை அடைந்தனர். சுமார் 240 கிலோமீட்டர் வழியை நாளொன்றுக்குப் பதினாறு கிலோமீட்டர் அளவில் அவர்கள் கடந்தனர். தொண்டர்களுக்கு உணவும் இடமும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன் அறிவித்தார். மக்களோ உணவுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவைத்துவிட்டு விலகிச் சென்றனர். நடப்பவரின் மன உறுதி மட்டும் நெடும்பயணத்தை நிறைவேற்றிவிடாது. வழியிலுள்ள ஊரார் அவரைத் தம்மவராக ஏற்கவும் வேண்டும். இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கொள்ளத்தக்க கருத்து இதுவே.

குரங்கணி கற்பித்த பாடம்

வழியறிந்தவரின் துணையும் முறையான அனுமதியும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை ஒரு துயர நிகழ்ச்சி உணர்த்திற்று. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கிக்கொண்டனர். 23 பேர் உயிரிழந்தனர். விடுமுறையை மகிழ்ச்சியாகக் கழிக்க நகரங்களிலிருந்து சென்றவர்கள் அவர்கள். கோடைத் தொடக்கத்தில் காய்ந்த புல் எவ்வளவு விரைவில் பற்றிக்கொள்ளும், காற்று மாறினால் தீ எப்பக்கம் பாயும், எவ்வழியே இறங்கினால் தப்பலாம் என்பன போன்ற செய்திகளை அம்மலையிலேயே வாழ்பவர் அறிவர், வெளியூரார் அறியார்.

அதன்பின் காடுகளில் மலையேற்றத்தை முறைப்படுத்த அரசு விதிகள் வகுத்தது. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தில் 14 மாவட்டங்களைச் சேர்ந்த 40 பாதைகள் சேர்க்கப்பட்டன. முன்பதிவு செய்து கட்டணம் செலுத்தியவர்களைப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் அழைத்துச் செல்லுகின்றனர். பழங்குடி மக்களிலிருந்தும் அருகிலுள்ள கிராமத்து இளைஞர்களிலிருந்தும் இவ்வழிகாட்டிகள் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. காட்டை அறிந்தவருக்கே அதனால் ஊதியம் கிடைக்கிறது; சென்றவருக்குப் பாதுகாப்பும் கிடைக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைப் பாதையும் இந்நாற்பதில் ஒன்று.

ஆனால் இப்பாதைகளிற் பெரும்பாலானவை ஒரே நாளில் சென்று திரும்பத்தக்கவை. காலையில் வந்து மாலையில் திரும்புபவர் கிராமத்தில் செலவிடுவது சிறிதே. இரவு தங்குபவரால்தான் கிராமத்திற்கு வருவாய் உண்டாகும். பல நாள் நடைப்பயணத்தின் சிறப்பு இதில் அடங்கியிருக்கிறது.

குமணன்சாவடி முதல் பூண்டி வரை

சமவெளிக் கிராமங்களிலும் இத்தகைய பயணத்தை அமைக்கலாம். எடுத்துக்காட்டாக, குமணன்சாவடியிற் புறப்படும் ஒரு குழுவை எண்ணிப் பார்ப்போம். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. மேற்கே சென்றால் திருமழிசை ஆழ்வார் அவதரித்த திருமழிசை. அதனைக் கடந்தால் நேமம் ஏரி, வெள்ளவேடு, பின்னர் வீரராகவப் பெருமாள் கோயில் கொண்ட திருவள்ளூர். அதற்கப்பால் பூண்டி நீர்த்தேக்கம். பூந்தமல்லியிலிருந்து பூண்டி வரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். இதனை மூன்று நாளில் இனிதாக நடக்கலாம். நெடுஞ்சாலையை விட்டு ஊர்ச்சாலைகளையும் வயல்வழிகளையும் நாடினால் நாள் ஒன்று கூடலாம். அதனால் இழப்பொன்றும் இல்லை.

சென்னை மக்கள் பருகும் நீரின் வரலாறே இவ்வழியின் தனிச்சிறப்பு எனலாம். கொசத்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் கட்டப்பட்ட நீர்த்தேக்கம் 1944-இல் நிறைவெய்தியது. அதற்காக உழைத்த சென்னை மேயர் சத்தியமூர்த்தியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து 1996 முதல் கிருஷ்ணா நதி நீர் இங்கு வருகிறது. இங்கிருந்து கால்வாய் வழியே செம்பரம்பாக்கம் ஏரிக்கும் நீர் செல்லும். குழாயைத் திறந்தவுடன் வரும் நீர் எத்தனை ஊர்களைக் கடந்து வருகிறது என்பதை நடந்து பார்க்கும் நகரவாசி உணர்வார். 2015 டிசம்பர் வெள்ளத்தை அனுபவித்தவருக்கு ஏரியின் கரையும் மதகும் கலங்கலும் எதற்காக என்பது எளிதில் விளங்கும்.

பூண்டிக்கு அப்பால் மனிதகுல வரலாற்றின் தொடக்கமே காத்திருக்கிறது. இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலறிஞர் 1863-இல் இப்பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தில் பழைய கற்கருவிகளைக் கண்டறிந்தார். அவற்றுள் மிகப் பழையன சுமார் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். இக்கருவிகள் பலவற்றைப் பூண்டியிலுள்ள அகழ்வைப்பகத்தில் காணலாம். குடியம் குகைகளுக்குச் செல்வோர் வனத்துறையின் அனுமதியுடனும் வழிகாட்டியுடனுமே செல்லுதல் வேண்டும். அவ்வாறே ஏரிக்கரைகளில் நடப்பதற்கு நீர்வளத்துறையின் இசைவு வேண்டும்.

கிராமம் செய்யவேண்டியவை

முதலாவது, தங்குமிடம். புதுக் கட்டடம் எழுப்பவேண்டுவதில்லை. ஊரில் உள்ள சமுதாயக் கூடத்தைத் துப்புரவாக வைத்து, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறையும் குளியலறையும், தடையற்ற தண்ணீரும், மின்விளக்கும் அமைத்தாற் போதும். அதுவே நம் காலத்துச் சாவடி. விருந்தினர் வராத நாட்களில் அவ்வசதிகள் ஊராருக்கே பயன்படும்.

இரண்டாவது, உணவு. நகரத்து உணவை இங்கே தேட எவரும் நடந்து வருவதில்லை. கேழ்வரகுக் களியும் கீரைக்குழம்பும் நீர்மோரும் மனநிறைவை அளிக்கும். மகளிர் சுயஉதவிக் குழுவினர் இப்பொறுப்பை ஏற்கலாம். கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். இருபது பேர் கொண்ட குழுவில் ஒருவருக்கு இரவு உணவு, காலை உணவு, தங்கும் செலவு ஆகியவற்றுக்காக 400 ரூபாய் பெற்றால் ஓர் இரவுக்கு 8,000 ரூபாய் ஆகும். அதில் 3,500 ரூபாய் பண்டங்களுக்கும், 2,500 ரூபாய் சமைப்போருக்கும், 1,000 ரூபாய் வழிகாட்டிக்கும், 1,000 ரூபாய் கூடத்தின் பராமரிப்புக்கும் ஒதுக்கலாம். மார்கழிப் பிற்பகுதி முதல் மாசி வரை வாரம் ஒரு குழுவாகப் பத்துக் குழுக்கள் வந்தால் 80,000 ரூபாய் ஊருக்குள் வரும். அரிசியும் காயும் பாலும் உள்ளூரிலேயே வாங்கப்பட்டால் அத்தொகையில் பெரும்பகுதி ஊரிலேயே தங்கும்.

மூன்றாவது, வழிகாட்டி. ஊரின் குளம், கோயில், பயிர், பறவை ஆகியவற்றை எடுத்துரைக்கத் தெரிந்த இளைஞர் இருவருக்கு முதலுதவிப் பயிற்சியும் அளித்தல் வேண்டும். பாம்புக்கடிக்கு அருகில் எந்த மருத்துவமனையில் மருந்து உண்டு, 108 வண்டி எவ்விடம் வரை வரும் என்பன அவர் அறிந்திருக்கவேண்டியவை. இருட்டில் நெடுஞ்சாலையில் நடந்து வாகனங்களில் அடிபட்டு மாண்ட யாத்ரிகர்கள் உண்டு. எனவே இருள் கவிந்தபின் சாலையில் நடப்பதற்கு எக்காரணத்தாலும் இடந்தரலாகாது.

நான்காவது, ஒழுங்கு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டுள்ளன. ஆயினும் பெருங்கூட்டம் சென்ற வழிகளில் அவை குவிந்து கிடப்பதைக் காண்கிறோம். ஊர் எல்லையிலேயே விருந்தினருக்கு விதிகளைச் சொல்லிவிட வேண்டும். பெண்கள் குளிக்கும் துறையருகே செல்லலாகாது. கேளாமல் எவரையும் படம் எடுக்கலாகாது. விளைந்த வயலில் இறங்கலாகாது. குப்பையைத் தாமே சுமந்து செல்லவேண்டும்.

இவை யாவற்றையும் கிராம சபையில் வைத்துப் பேசி முடிவு செய்வதே முறையாகும். எத்தனை குழுக்களை ஏற்பது, கட்டணம் எவ்வளவு, வருவாயை எப்படிப் பங்கிடுவது என்பவற்றை ஊரார் தாமே தீர்மானிக்க வேண்டும். இத்தீர்மானங்களை வெளியூர் முகவர் ஒருவரிடம் விட்டுவிட்டால் இலாபம் அவருக்கும் குப்பை ஊருக்கும் என்றாகிவிடும். ஊர்ப் பொதுப்பாதைகளும் சேரியும் தெருவும் என்ற வேறுபாடின்றி எல்லாக் குடும்பங்களும் இவ்வேலையிலும் வருவாயிலும் பங்குபெறுதல் வேண்டும். ஒரு தெருவாருக்கு மட்டும் விருந்தினரைக் காட்டும் ஊர் முன்னேற்றம் பெறாது.

நம் முன்னோர் ஊர்பேர் அறியாத வழிப்போக்கருக்காகச் சாவடி அமைத்தனர். அக்கட்டடங்கள் பல மறைந்துவிட்டன. குமணன்சாவடியில் பேருந்துக்குக் காத்து நிற்கும் மக்களுக்கு அப்பெயரின் பொருளை நினைக்க நேரமில்லை. எனினும் அங்கிருந்து ஒரு நாள் நடைத்தொலைவிலுள்ள கிராமங்கள் முயன்றால் அப்பெயர் மீண்டும் பொருளுடையதாகும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நம் ஊர்க் கூடத்தில் இருபது பேர் ஓர் இரவு தங்கமுடியுமா?" என்று கேட்கட்டும். அதற்குத் தேடும் விடையில் ஊரின் குடிநீர், கழிப்பறை, விளக்கு, சாலை ஆகிய எல்லாவற்றின் நிலையும் வெளிப்பட்டுவிடும். விருந்தினருக்காகத் தொடங்கும் பணி ஊராருக்கே நன்மையாக நிலைபெறும்.