பளபளப்பு சாட்சி சொல்லாது

ஒரே தொழிற்சாலையில், ஒரே ஆண்டில் செய்யப்பட்ட இரண்டு பழைய ராணுவ ரைஃபிள்களின் விலை எப்படி இவ்வளவு வேறுபடுகிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்க உபரிச் சந்தையில் அதிகம் புழங்கிய ரஷ்ய மோசின்-நாகன்ட்டை வைத்தே இதற்குப் பதில் தேடலாம். ‘சுடப்படாதது’, ‘ஸ்டாலின்கிராடில் போரிட்டது’, ‘அசல் ஸ்னைப்பர்’ என்று விற்பவர்கள் சொல்வதையும், வழவழப்பான கட்டையையும் கருநீல மினுக்கத்தையும் பார்த்துத்தான் பலர் விலை பேசுகிறார்கள். ஒரு ரைஃபிளின் நிலையைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்பவை இவைதாம். உண்மை குழலுக்குள் இருக்கிறது. அதை எழுதியது உப்பு.

வரலாறு கொஞ்சம் போதும். 1891-ல் ஜார் மன்னரின் படை ஏற்றுக்கொண்ட இந்த ரைஃபிள், 1930-ல் திருத்தப்பட்டு 91/30 என்ற வடிவத்தில் துலா, இஷெவ்ஸ்க் ஆலைகளில் கோடிக்கும் மேலாக உற்பத்தியானது. போர் முடிந்ததும் சோவியத் ஆயுதக் கிடங்குகள் அவற்றைப் பிரித்துப் பழுது பார்த்து, உலோகத்துக்குப் புதிதாகக் கருநிறம் ஏற்றி, கட்டைக்கு அரக்கு மெருகு பூசி, கிரீஸில் தோய்த்து அடுக்கிவைத்தன. 2010 வாக்கில் அமெரிக்காவில் 100 டாலருக்குள் கிடைத்த ரைஃபிள் இன்று பல நூறு டாலர் பெறுகிறது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1942, 1943-ல் அவசரமாகச் செய்தவற்றின் வெளிப்புறத்தில் கடைசல் தடங்கள் அப்படியே தெரியும். அந்தச் சொரசொரப்பு பிறவியிலேயே வந்தது, தேய்மானம் அல்ல. மினுக்கமோ பெரும்பாலும் பின்னால் பூசப்பட்டது. வெளித்தோற்றத்தை நம்புகிறவர் இரண்டையும் தலைகீழாகப் படிப்பார்.

இனி உப்புக்கு வருவோம். தோட்டாவின் அடியில் முதல் பொறியைத் தரும் பிரைமரில் அக்காலத்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சிவகாசி, கோவில்பட்டித் தீக்குச்சிகளின் தலையில் இருக்கும் அதே பொருள்தான். அது ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடாக, அதாவது சமையல் உப்பின் நெருங்கிய உறவாக மாறுகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் இந்த உப்பு குழலின் உள்சுவரில் நுண்துகளாகப் படிகிறது. காற்று வறண்டிருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. ஈரப்பதம் 85 சதவீதத்தை நெருங்கும்போது அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைகிறது. கரைந்த குளோரைடு, இரும்பின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலத்தை அங்கங்கே கிழிக்கிறது. கிழிந்த இடத்தில் கரையும் இரும்பு அயனிகள் நீருடன் வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகின்றன. குழிக்குள் சேரும் நேர்மின்னேற்றத்தைச் சமன்செய்ய வெளியிலிருந்து மேலும் குளோரைடு உள்ளே வருகிறது. அமிலம் இன்னும் கடுமையாகிறது. துரு தானே தனக்குத் தீனி போட்டுக்கொண்டு பக்கவாட்டில் பரவாமல் ஆழத்துக்கு இறங்குகிறது. துருவின் வேதியியலில் இதைவிட அழகான, இதைவிடக் கொடிய ஏற்பாடு இல்லை.

சொத்தைப் பல்லை நினைத்தால் இது எளிதில் விளங்கும். மேலே ஊசிமுனை அளவு ஓட்டை, உள்ளே அமிலம் குடைந்த பள்ளம். மேலே துலக்கித் துலக்கி வெண்மையாக்கினாலும் குடைச்சல் நிற்காது. துப்பாக்கிக் குழலுக்கு எண்ணெய் பூசுவதும் அப்படியே: உப்பு எண்ணெயில் கரையாது, எண்ணெய்ப் படலத்துக்கு அடியிலேயே பத்திரமாக உட்கார்ந்திருக்கும். தண்ணீர்தான் அதைக் கரைத்து வெளியேற்றும். ·303 லீ-என்ஃபீல்டு வைத்திருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் புனல் வைத்துக் குழலுக்குள் கொதிநீர் ஊற்றியது பொருளுள்ள வழக்கம். நெடுங்காலம் பழி வெடிமருந்தின் மீதே இருந்தது. உண்மைக் குற்றவாளி பிரைமரின் உப்பே என்று 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தின் வேதியியலாளர் வில்பர்ட் ஹஃப் நிறுவினார். அதன் பிறகும் சோவியத் ராணுவத் தோட்டாக்களில் குளோரேட் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. பல் மருத்துவர் சொத்தைப் பகுதியைக் குடைந்தெடுப்பதைப் போல, தேய்ந்துபோன குழல் முனையைச் சிறிது ஆழம்வரை அகலமாகக் குடைந்து, குழலுக்குள் கெடாத சுழல் வரிகளிலிருந்து குண்டு வெளியேறும்படி சோவியத் பணிமனைகள் செய்ததும் உண்டு.

குழிகள் இருந்தாலும் நேராகச் சுடும் ரைஃபிள்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் குழி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. குழலின் நடுவில் உள்ள மெல்லிய குழிகளைக் குண்டு தாண்டிவிடும். குண்டு விட்டுப் பிரியும் கடைசித் தொடுபுள்ளியான முனையில் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால், வெளியேறும் வாயு குண்டைச் சாய்த்துத் தள்ளும், குறி சிதறும். தோட்டா அமரும் அறையில் குழி இருந்தால் வெற்றுக்கூடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் கரியையும் செம்புப் படிவையும் துடைத்தெடுக்க வேண்டும். இருண்ட குழலெல்லாம் கெட்ட குழல் அல்ல. பிறகு விளக்கொளியில் பார்த்து, முனையையும் அறையை ஒட்டிய பகுதியையும் கேஜ் வைத்து அளக்க வேண்டும். குண்டை முனையில் செருகிப் பார்க்கும் பழைய சோதனை தோராயமானது. குண்டுகளின் விட்டமே வேறுபடும். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் மாற்றப்பட்டிருந்தால், தோட்டாவின் பின்புறத்துக்கும் போல்ட் முகத்துக்கும் இடையிலான வெளியைத் தேர்ந்த துப்பாக்கித் தொழிலாளர் அளக்காமல் சுடவே கூடாது. இது விலையின் விஷயம் அல்ல, உயிரின் விஷயம்.

விலையைச் சந்தைதான் தீர்மானிக்கிறது, வேதியியலுக்கு அங்கே என்ன வேலை என்பது அடுத்த மறுப்பு. அரிதானவற்றுக்கு விலை கூடும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அரியது என்பதற்கும் உலோகமே சான்று தர வேண்டும். குழல், போல்ட், மேகசின் அடித்தகடு, கட்டையின் அடித்தகடு ஆகியவற்றின் எண்கள் ஒத்திருந்தால் மட்டும் போதாது. பழைய எண்ணை அடித்துவிட்டு, வேறு எழுத்துருவில் புதிய எண் பொறித்திருந்தால் அந்தப் பொருத்தம் பணிமனையில் பிறந்தது. சதுரத்துக்குள் மூலைவிட்டக் கோடு போட்ட முத்திரை இருந்தால், அது செப்பனிடப்பட்டது என்பதற்கு அடையாளம். ‘சுடப்படாதது’ என்ற சொல் அங்கேயே அடிபட்டுப் போகிறது. பயன்படுத்துகிறவருக்குச் செப்பனிட்டது மேல்; வரலாற்றைத் தேடுகிறவருக்கு, கைபடாத பழசு மேல். ஒரே பணி ஒரு மதிப்பைக் கூட்டி இன்னொன்றைக் குறைக்கிறது. வாசகரின் கேள்விக்குப் பதில் இதுதான்.

பழம்பொருள் எதை வாங்கினாலும், விற்பவரின் கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். அளவு காட்டச் சொல்லுங்கள். முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள். அளக்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.